சாக்கும் கந்தலும்: காலடியில் கிடக்கும் ஒரு கைவேலை

பழைய சணல் சாக்கை ஒரு மரச்சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டி, பழந்துணியை மெல்லிய நாடாக்களாக வெட்டி, கொக்கி ஊசியால் ஒவ்வொரு வளையமாகச் சாக்கின் கண்ணுக்குள்ளால் மேலே இழுத்து நிரப்பினால் ஒரு கால்மிதி கிடைக்கும். கனடாவின் அத்திலாந்திக் கரையோரத்திலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக இந்த வேலை நடந்து வருகிறது. சாக்கும் கந்தலும் எங்களிடமும் உண்டு. ஆனால் இப்படியொரு விரிப்பை ஊரில் நான் கண்டதில்லை.

கனடாவுக்கு வந்த இரண்டாவது குளிர்காலத்தில்தான் இதை முதலில் பார்த்தேன். ரொறன்ரோவின் கிழக்கே எங்கள் பகுதி நூலகத்தில் செவ்வாய்க்கிழமை பிற்பகல்களில் ஏழெட்டு வயோதிபப் பெண்கள் கூடியிருந்து செய்வார்கள். ஆங்கிலம் காதில் விழட்டும் என்றும், வீட்டைவிட அங்கே சூடு நன்றாக இருக்கும் என்றும் நானும் போய் ஒரு மூலையில் இருந்தேன். தங்கள் வேலையை ‘பிரிமிற்றிவ்’ பாணி என்றார்கள். ஆதிகாலத்து, பண்படாத என்று அகராதி பொருள் சொல்கிறது. அந்தச் சொல் எனக்கு இன்றுவரை பிடிக்கவில்லை. அது செய்தவர்கள் வைத்த பெயருமல்ல. பழைய பண்ணை வீடுகளின் தரையிலிருந்து இவற்றைத் தேடி வாங்கிய நகரத்துச் சேகரிப்பாளர்களும் பழம்பொருள் வியாபாரிகளும் வழங்கிய பெயர். செய்த பெண்களுக்கு அது வெறும் ‘மற்’.

பாணி என்று பார்த்தால் அடையாளம் எளிது. நாடா அகலமானது, கால் அங்குலம் அல்லது அதற்கு மேல். நிழல், ஆழம் ஒன்றும் காட்டுவதில்லை. கோழி வீட்டைவிடப் பெரிதாக நிற்கும், பூ மரத்தைவிட உயரமாக இருக்கும். நிறங்கள் மங்கல். இப்போது பொழுதுபோக்காகச் செய்பவர்கள் புதுத்துணியைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழையதாக்குகிறார்கள். மலையகத்துத் தேயிலைக்கு இப்படியும் ஒரு செலவு இருக்கிறது என்று அன்றுதான் அறிந்தேன். எங்களிடம் வெயிலிலும் கிணற்றுத் தண்ணீரிலும் தானாக வெளிறிய துணிக்குக் குறைவில்லை.

இந்தக் கைவேலையின் தொடக்கம் ஒருவகையில் எமது பக்கத்து நாட்டிலேயே இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வங்காளத்துச் சணல் ஸ்கொட்லாந்தின் டண்டீ நகர ஆலைகளுக்குப் போய்ச் சாக்குத் துணியாகியது. தானியத்தையும் மாவையும் சுமந்த சாக்குகள் அத்திலாந்திக் கரையின் வீடுகளை எட்டின. சாமான் தீர்ந்தபின் சாக்கை எறிய மனமில்லாத பெண்கள், அதன் ஐதான நெசவுக்குள் துணி நாடா இலகுவாக நுழைவதைக் கண்டுகொண்டார்கள். 1860களின் இறுதியில் மெய்ன் மாநிலத்தின் பிடிஃபோர்ட் ஊரில், தகரப் பாத்திரம் விற்றுத் திரிந்த எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ரொஸ்ற் என்பவர் உலோகத் தகட்டில் வடிவங்களை வெட்டிச் சாக்குத் துணியில் அச்சடித்து விற்கத் தொடங்கினார். அதன்பின் ஒரே சிங்கமும் ஒரே பூங்கொத்தும் பல ஊர்களின் தரையில் கிடந்தன. எனக்கு விருப்பமானவை அவையல்ல. அடுப்பில் கருகிய குச்சியால் பெண்கள் தாங்களே கீறிய கோணல் படகுகள்தான்.

அந்தப் படகுகள் நியூஃபவுண்ட்லாந்துக்கு உரியவை. அந்தத் தீவின் பெயர் எம்மவருக்குப் புதிதல்ல. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி, இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கடலில் மிதந்த 155 தமிழர்களைக் கஸ் டால்டன் என்ற மீன்பிடிக் கப்டன் கண்டு மீட்கக் காரணமானது அந்தத் தீவின் கடலில்தான். 1949 வரை கனடாவோடு சேராதிருந்த தீவு அது. மீனவர்கள் பருவத் தொடக்கத்தில் வியாபாரியிடம் கடனுக்கு வலையும் மாவும் வாங்கிப் பருவ முடிவில் மீனாகக் கொடுத்துத் தீர்ப்பார்கள். பல குடும்பங்கள் காசைக் கண்ணால் காண்பதே அரிது. எமது கரையோரங்களில் சம்மாட்டியிடம் முற்பணம் வாங்கித் தொழில் செய்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

குளிர்காலத்தில் கடல் உறைந்து தொழில் நின்றதும், பெப்ரவரி, மார்ச் மாதங்களில் வீட்டுக்கு வீடு சட்டம் வெளியே வரும். சாக்குத் துணியை அங்கே ‘பிரின்’ என்பார்கள். ஆணியை வளைத்து மரப்பிடியில் இறுக்கினால் கொக்கி. உடுத்திக் கிழிந்தது எல்லாம் நாடா. முடிந்த மிதியைக் கிழமை நாட்களில் பின்பக்கம் மேலே தெரியப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை அல்லது பாதிரியார் வரும் நாளில் மட்டும் நல்ல பக்கத்தைத் திருப்பும் வீடுகளும் இருந்தன. அந்த ஒழுங்கைக் கேட்டபோது எனக்கு எங்கள் வீட்டு விறாந்தைக் கதிரைகளின் பொலித்தீன் உறை நினைவுக்கு வந்தது.

1892இல் அங்கு போன ஆங்கிலேய வைத்தியர் வில்பிரட் கிறென்ஃபெல், சென்ற் அந்தனி என்ற ஊரை மையமாக வைத்து மருத்துவப் பணி செய்தார். கைவேலையை நோயாளருக்கான சிகிச்சையாகக் கருதிய ஜெஸி லூதர் என்ற அமெரிக்கப் பெண் 1906இல் அங்கு போய்ச் சேர்ந்தார். பெண்கள் ஏற்கெனவே செய்துவந்த மிதியை விற்பனைக்குரியதாக மாற்றிய பணி அங்கேதான் வளர்ந்தது. பனிக்கரடி, நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி, பாய்க்கப்பல் என்று வடிவங்கள் அச்சிட்டுக் கொடுக்கப்பட்டன. 1920களின் பிற்பகுதியில் அமெரிக்கப் பெண்களின் கிழிந்த பட்டுக் காலுறைகளைச் சேகரித்துச் சாயமிட்டு நாடாவாக்கினார்கள். அந்தக் கிறென்ஃபெல் மிதிகள் தையல் போல நுணுக்கமானவை. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் வடிவத்தைத் தீர்மானித்ததும் விலையைத் தீர்மானித்ததும் செய்த பெண்கள் அல்லர். 1930களின் பொருளாதார மந்தத்தில் வாங்குபவர்கள் குறைந்ததும் வேலையும் சுருங்கியது.

நோவா ஸ்கோஷியாவின் ஷெட்டிகாம் ஊரில் கதை சற்று வேறு. 1920களில் லிலியன் பேர்க் என்ற ஓவியர் அங்குள்ள அகேடியப் பெண்களைக் கொண்டு பெரிய கம்பளி விரிப்புகள் செய்வித்து நகரங்களில் விற்றார். கிடைத்த கூலி போதாது என்று 1930களில் சில பெண்கள் பிரிந்து தாங்களே விற்கத் தொடங்கினார்கள். அந்த ஊரில் இந்தத் தொழில் நிலைத்ததற்கு அந்தப் பிரிவும் ஒரு காரணம் என்பது என் கருத்து. யுத்தத்துக்குப் பின் வன்னியில் எத்தனையோ தையல் பயிற்சி வகுப்புகள் நடந்தன. சான்றிதழ் கொடுத்தார்கள், படம் எடுத்தார்கள். தைத்ததை யாரிடம், என்ன விலைக்கு விற்பது என்ற கேள்விக்கு வகுப்பில் இடமிருக்கவில்லை. எனவே இதை வருமானத்துக்கு வழி என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன். முதலில் உங்கள் வாசலுக்கு ஒன்று செய்யுங்கள்.

செய்முறைக்கு வருகிறேன். சணல் சாக்குத்தான் வேண்டும். உரப்பை சரிவராது, பிளாஸ்ரிக் இழை வழுக்கும், வெயில் பட்டால் பொடியாகும். சாக்கைத் தோய்த்து வெயிலில் காயவிட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். உக்கிய சாக்கு அப்போதே கிழிந்துவிடும். செய்யப்போகும் அளவைவிடச் சுற்றிவர நான்கு அங்குலம் கூடுதலாக வெட்டவேண்டும். எல்லைக்கோட்டை அடிமட்டம் வைத்துக் கீறுவதைவிடச் சாக்கின் ஓர் இழையைப் பின்பற்றிக் கீறுவது நல்லது. இல்லாவிட்டால் முடிந்தபின் மிதி கோணலாகக் கிடக்கும். பழைய யன்னல் சட்டம் இருந்தால் அதில் மேளத் தோல்போல விறைப்பாக ஆணியடித்துக் கட்டலாம்.

கொக்கிக்குத் தடித்த குரோசே ஊசி போதும். கைக்கு நோகாமல் இருக்க ஒரு மரப்பிடி போட்டுக்கொள்ளுங்கள். ஆணியின் நுனியை அராவியும் செய்யலாம்.

துணியில்தான் எங்கள் நாட்டுக்கு ஏற்ற மாற்றம் வேண்டும். இங்கே கம்பளி. அங்கே பருத்தி. பழைய ரீசேர்ட் மிகவும் நல்லது, வெட்டினாலும் நூல் பிரியாது, இழுத்தால் தானாகச் சுருண்டுகொள்ளும். சாரத்தை அரை அங்குல அகலத்தில் கிழிக்கலாம். நைலோன் சேலை வழுக்கும், தனியாக நிற்காது. இடையிடையே ஒரு மின்னலுக்குப் பாவிக்கலாம். மிதியின் பரப்பைப்போல் நான்கு மடங்கு துணி தேவை என்பது பொதுவான கணக்கு. இரண்டடிக்கு ஒன்றரை அடி மிதிக்கு நல்ல பகுதி மிஞ்சிய ஒரு சாரம் போதுமானது. வடிவத்துக்கு வேறு நிறங்கள் கொஞ்சம் வேண்டும்.

இடது கை சாக்குக்குக் கீழே நாடாவைப் பிடித்திருக்கும். வலது கை மேலிருந்து கொக்கியை இறக்கும். முதலில் நாடாவின் நுனி முழுதாக மேலே வரட்டும். பின் ஓரிரு இழை தள்ளி ஒரு வளையம், மீண்டும் ஓரிரு இழை தள்ளி ஒரு வளையம். வளையத்தின் உயரம் கால் அங்குலம் அளவில் இருக்கட்டும். நாடா முடியும் இடத்திலும் நுனியை மேலே எடுத்து மட்டமாக வெட்டிவிடுங்கள். அடுத்த நாடா அதே கண்ணில் தொடங்கும். முடிச்சு எங்கும் இல்லை. வளையங்கள் ஒன்றையொன்று நெருக்குவதாலேயே நிற்கின்றன. அடியில் நாடாவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் குறுக்கே இழுக்கவே கூடாது, பிறகு அதுதான் கொழுவிக் கழன்றுவரும். எல்லாக் கண்ணையும் நிரப்பவேண்டும் என்ற ஆசை புதிதாகச் செய்பவர்களுக்கு வரும். நெருக்கம் கூடினால் மிதி தரையில் படியாது, ஓரம் அப்பத்தைப்போல் எழும்பி நிற்கும். முடிந்ததும் மிஞ்சிய சாக்கைப் பின்பக்கமாக மடித்துக் கையால் தைத்து, ஈரத்துணி போட்டு அயன் பண்ணுங்கள்.

பளபளப்பாக இழைத்த சீமெந்துத் தரையில் எந்தத் துணி மிதியும் வழுக்கும். வயதானவர்கள் உள்ள வீடென்றால் நான்கு மூலையின் அடியிலும் பழைய சைக்கிள் ரியூப் துண்டைத் தைத்துவிடுங்கள். கிணற்றடியிலும் குளியலறை வாசலிலும் போடவேண்டாம், சணல் நனைந்தால் உக்கும். கிழமைக்கு ஒருமுறை தூக்கி உதறினால் கறையான் பிடிக்காது.

இது மனக்காயத்தை ஆற்றும் என்று நான் சொல்லமாட்டேன். அப்படிச் சொல்பவர்களை நிறையவே கேட்டாயிற்று. நான் கண்டது வேறொன்று. கண் சட்டத்தில் இருக்கும்போது, முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத சங்கதி வாயிலிருந்து வந்துவிடுகிறது. கேட்பவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. காலை இழந்தவருக்கும் மேசையில் சட்டத்தைச் சாத்தி இருந்து செய்யக்கூடிய வேலை இது. எங்கே விட்டீர்களோ அங்கேயே ஒரு மாதம் கழித்தும் தொடரலாம்.

துணி விடயத்தில் எங்களுக்கு வேறு கணக்கும் இருக்கிறது. இறுதி யுத்தத்தில் வன்னிப் பெண்கள் சேலைகளை வெட்டி மண்மூடை தைத்தார்கள். கூறைச் சேலைகூட பங்கரைச் சுற்றி அடுக்கப்பட்டது. என் மாமியின் சேலைகளும் அப்படித்தான் போயின. அவர் உடுத்திருந்த ஒன்றே மிஞ்சியது. அதனால் சேலையில் கத்தரிக்கோல் வைப்பது என்றாலே சிலருக்குக் கை நடுங்கும். அவர்கள் ரீசேர்ட்டோடு நிற்கட்டும்.

காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் சேர்ட்டை இன்னும் மடித்து வைத்திருக்கும் தாய்மார் இருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய தொடர் போராட்டத்தில், வீதியோரக் கொட்டகையில் படத்தை மடியில் வைத்து இருந்தவர்களிடம் போய் அந்தத் துணியை வெட்டுங்கள் என்று யாரும் சொல்லக்கூடாது. அது காத்திருக்கும் துணி. ஆனால் சிலி நாட்டில் நடந்ததைச் சொல்லலாம். 1973 இராணுவச் சதிப்புரட்சிக்குப் பின், காணாமல்போனோரின் தாய்மாரும் மனைவிமாரும் சந்தியாகோ நகரில் கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவோடு கூடிச் சாக்குத் துணியில் சிறு துண்டுகளை ஒட்டித் தைத்துப் படங்கள் செய்தார்கள். பூட்டிய தொழிற்சாலை, பொதுச் சமையல், ‘எங்கே அவர்கள்’ என்று கேட்டு நிற்கும் பெண்கள். சிலர் காணாமல்போனவரின் உடுப்பிலிருந்தே துண்டு எடுத்தார்கள். அவற்றுக்குப் பெயர் அர்பியேரா. ஸ்பானிய மொழியில் சாக்குத் துணி என்றுதான் பொருள். இரகசியமாக வெளிநாடுகளுக்கு அனுப்பப்பட்டு விற்கப்பட்டன. அவை தரைக்கு அல்ல, சுவருக்கு.

எங்கள் நூலகத்து வகுப்பில் ஒரு பெண் இறந்த கணவனின் சேர்ட்டுகளால் மிதி செய்து கட்டிலடியில் போட்டிருக்கிறார். காலையில் முதல் அடி அதன்மேல் வைப்பது அவருக்கு ஆறுதல். என்னால் அது முடியாது. எம்மவரில் பலருக்கும் முடியாது என்றே நினைக்கிறேன். மாமியின் சேலைக் கரையில் மூன்று அங்குலம் கேட்டு வாங்கி, ஓரடிச் சதுரத்தில் ஒரு வேலிக்கதியால் வரிசை செய்தேன். அதைச் சுவரில்தான் மாட்டியிருக்கிறேன்.

அப்படிச் சுவருக்குச் செய்வதானால் பின்பக்கத்தின் மேல் ஓரத்தில் நீளத்துக்கு ஒரு துணிக் குழாய் தைத்து, அதற்குள் தடி செருகித் தொங்கவிடுங்கள். சாக்கில் நேரடியாக ஆணியடித்தால் பாரத்தில் கிழியும். பசை போட்டு ஒட்டவும் வேண்டாம். வெயில் படாத சுவராகப் பாருங்கள்.