வெறுமையாய் விடப்பட்ட கட்டம்: சார்லஸ் இங்கால்ஸ் குடும்பமும் ஓசேஜ் நிலமும்

சார்லஸ் இங்கால்ஸ் 1871இன் வசந்த காலத்தில் மனைவி கேரொலைனையும் மூன்று பெண் குழந்தைகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கான்சஸை விட்டுப் புறப்பட்டார். அதற்கு அவருடைய மகள் லாரா இங்கால்ஸ் வைல்டர் 1935இல் வெளியான ‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி’ நூலில் ஒரு காரணம் சொல்கிறார்: குடியேறிகளை அப்புறப்படுத்த அரசு படையை அனுப்புகிறது என்ற செய்தி. ஆய்வுலகம் வேறொரு காரணத்தை ஏற்றிருக்கிறது. விஸ்கான்சினில் அவர் விற்றிருந்த நிலத்துக்குக் குஸ்டாஃப்சன் என்பவரால் பாக்கியைக் கட்ட முடியவில்லை. நிலம் இங்கால்ஸிடமே திரும்பிவந்தது. இந்த இரண்டாவது காரணத்தில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் படை பற்றிய கதையை ஒரு சிறுமியின் நினைவுப் பிசகு என்று தள்ளிவிடும் வழக்கத்தை ஏற்க முடியவில்லை.

முதன்மைச் சான்று 1870 ஆகஸ்டில் எடுக்கப்பட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. மான்ட்கோமரி கவுண்டி, ரட்லண்ட் வட்டத்தின் பதிவில் குடும்பத் தலைவரின் பெயர் ‘இங்கிள்ஸ்’ என்று பிழையாக எழுதப்பட்டிருக்கிறது; தொழில் தச்சு. நிலத்தின் மதிப்பைக் குறிக்கவேண்டிய கட்டம் வெறுமையாக இருக்கிறது. நிலம் பூர்வகுடிகளான ஓசேஜ் மக்களுடையது, குடியேறியவர்களுக்கு உரிமை ஏதும் இல்லை என்று கணக்கெடுப்பாளர் காரணமும் குறித்திருக்கிறார். நம்மூர் மொழியில் சொன்னால் பட்டா இல்லாத குடியிருப்பு. முந்தைய ஆய்வுகள் இந்தக் கட்டத்தை வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டன: சார்லஸ் தெரிந்தே ஆக்கிரமித்தாரா, தெரியாமலா? அவர் மனத்தை இந்தப் பதிவு காட்டாது. அது அந்த வட்டாரத்துக்கே எழுதப்பட்ட குறிப்பு, அவர் ஒருவருக்கானது அல்ல. தெரியாமல் இருந்திருப்பார் என்று நம்புவது எனக்குக் கடினம். அதை இங்கே வாதிடவில்லை.

கவனிக்கவேண்டியது பதிவின் காலம். 1868இல் ஓசேஜ் மக்களின் 80 லட்சம் ஏக்கரை ஏக்கருக்கு ஏறத்தாழ 20 சென்ட் வீதம் ஓர் இரயில் நிறுவனத்துக்குக் கொடுக்க ஓர் ஒப்பந்தம் தயாரானது. குடியேறிகளே அதை எதிர்த்தார்கள். செனட்டில் நிறைவேறாமலே அது திரும்பப் பெறப்பட்டது. 1870 ஜூலை 15ஆம் நாள் வந்த சட்டமோ நிலத்தைக் குடியேறிகளுக்கே, ஆளுக்கு 160 ஏக்கர் வரை, ஏக்கர் 1.25 டாலருக்கு விற்க வழிசெய்தது. ஓசேஜ் மக்களின் இசைவு செப்டம்பரில்தான் டிரம் கிரீக்கில் பெறப்பட்டது. ஆக, கணக்கெடுப்பாளர் வந்தபோது சட்டம் பிறந்துவிட்டது, இசைவு கிடைக்கவில்லை. கட்டம் வெறுமையாக இருந்ததற்கு அந்த இடைவெளியே காரணம். அடுத்த மாதமே நிலைமை மாறியது. சார்லஸ் புறப்பட்ட 1871இல் அவரைத் துரத்த அரசுக்குக் காரணம் இல்லை. 200 டாலர் கட்டியிருந்தால் நிலம் அவருடையது. கையில் ரொக்கம் இல்லாத தச்சருக்கு 200 டாலர் சிறிய தொகை அல்ல. விஸ்கான்சின் நிலமோ புதிதாக ஒரு காசும் கேட்காமல் காத்திருந்தது.

அப்படியானால் படைக் கதை எங்கிருந்து வந்தது? லாரா பிறந்தது 1867 பிப்ரவரியில். கான்சஸை விட்டபோது அவருக்கு வயது நான்கு. கான்சஸில் 1870 ஆகஸ்டில் பிறந்த தங்கை கேரியை நூல் பயணத்தின் தொடக்கத்திலேயே வண்டியில் உட்காரவைக்கிறது. இண்டிபென்டன்ஸ் ஊரிலிருந்து சுமார் 13 மைலில் இருந்த வீட்டை 40 மைலுக்குத் தள்ளுகிறது. இவை பிசகுகளாகவோ புனைவின் தேவைகளாகவோ இருக்கலாம். ஆனால் அரசாணை, படை, வெளியேற்றம் என்று கோத்த ஒரு காரணம் நான்கு வயதுக் குழந்தையின் மனத்தில் தானாகப் பதியாது. பெரியவர்கள் யாரோ சொல்லித்தான் பதிந்திருக்க வேண்டும்.

இல்லை, கதையின் ஊற்று லாராவின் மகள் ரோஸ் வைல்டர் லேன் என்பார்கள் சிலர். ரூஸ்வெல்ட் அரசின் மீதிருந்த வெறுப்பால் அவர் கதையைத் திருத்தினாராம். காலவரிசை இதற்கு இடம் தராது. 1930இல் எழுதப்பட்டு 2014இல்தான் அச்சேறிய லாராவின் ‘பயனியர் கேர்ள்’ கைப்பிரதியிலேயே படையினர் வருகிறார்கள். ரூஸ்வெல்ட் பதவியேற்றது 1933இல். 1870இல் அவ்வட்டாரத்தில் படையினர் நடமாட்டம் இருந்ததே, வதந்தியை நம்பிப் போயிருக்கலாமே என்பது இன்னொரு மறுப்பு. வதந்தி இருந்திருக்கும். விற்பனைச் சட்டம் வந்து மாதங்கள் கழித்தும் அதை நம்பியிருந்தார் என்பதற்குச் சான்று வேண்டும்; யாரும் தரவில்லை.

எனவே கதையின் ஊற்று வீட்டுக்குள்தான், பெரும்பாலும் தந்தையிடம்தான் இருந்திருக்கிறது என்று கருதுகிறேன். இது ஊகமே. எனினும் துணைச்சான்று ஒன்று உண்டு. 1876, 77இல் குடும்பம் அயோவாவின் பர் ஓக்கில் இருந்தது. கடைசி மகள் கிரேஸ் பிறந்தது அங்கேதான். வீட்டு உடைமையாளருக்குக் கொடுக்கவேண்டிய பாக்கியோடு இரவோடிரவாக அங்கிருந்து கிளம்பியதைக் கைப்பிரதி மறைக்கவில்லை. அச்சில் வந்த லாராவின் நூல்வரிசையில் பர் ஓக்கே இல்லை. பணமுடையால் நேர்ந்த இடப்பெயர்வுகளை இந்தக் குடும்பம் ஒன்று சொல்லாமல் விட்டது, அல்லது வேறு காரணத்தோடு சொன்னது. லாராவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் விமரிசனம் இதைக் காணத் தவறியது.

சார்லஸ் பின்னர் டகோட்டாவின் டி ஸ்மெட்டில் முறைப்படி நிலம் பெற்று 1902இல் அவ்வூரிலேயே இறந்தார். கான்சஸைப் பொறுத்தவரை பதிவேடுகள் தரும் தீர்ப்பில் ஐயமில்லை: இங்கால்ஸ் குடும்பம் தானாகப் புறப்பட்டது, அந்த மண்ணிலிருந்து அரசு வெளியேற்றியது ஓசேஜ் மக்களை.