கணக்கில் ஏறாத வீடு

நாட்டின் பொருளாதாரம் உயர்ந்து வருகின்றதென்று ஒரு சாரார் புள்ளி விவரங்களைக் காட்டிக் கூறுகின்றனர். வாழ்க்கை முன்னிலும் இறுகி வருகின்றதென்று மற்றொரு சாரார் தம் வயிற்றைத் தொட்டுக் காட்டிக் கூறுகின்றனர். இவ்விருவருள் ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டிவிடுவது நம்மவர் வழக்கம். ஆனால் இருவரும் தத்தம் ஏட்டைப் பார்த்தே பேசுகின்றனர் என்பதும், அவ்வேடுகள் இரண்டும் வெவ்வேறானவை என்பதும் சிறிது ஆராய்வார்க்குப் புலனாகும். மலாக்கா மாநிலத்து அலோர் காஜா வட்டாரத்தின் வரலாறே இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வட்டாரத்தைச் சேர்ந்த நானிங், டச்சுக்காரர் காலத்தில் ஆண்டுக்கு 400 காந்தாங் நெல்லை மரியாதைத் திறையாகச் செலுத்தி வந்தது. பின்னர் மலாக்காவைப் பெற்ற ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாரோ, விளைச்சலிற் பத்திலொரு பங்கு தமக்கே உரியதென்றனர். நானிங் தலைவர் டோல் சாயிட் மறுத்தார். 1831லும் 1832லும் போர் மூண்டது. மதராஸ் காலாட்படைச் சிப்பாய்களும் அதில் ஏவப்பட்டனர். கம்பெனியார் அப்போருக்குச் செய்த செலவு, நானிங் தரக்கூடிய வரியைப் பன்மடங்கு விஞ்சிற்று. முடிவில் டோல் சாயிட்டுக்கு மன்னிப்பும், மலாக்காவில் வீடும், உபகாரச் சம்பளமும் அளித்தனர். எதிர்த்து நின்றவருக்கு வீடு கிடைத்தது. பிற்காலத்தில் அதே மண்ணில் உழைத்துத் தேய்ந்தவர்களுக்குக் கிடைத்தது யாது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்ற சீனப் பெருவணிகர், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரை வாணிபப் பயிராக நட்டார். அதன்பின் காடுகள் அழிந்தன, தோட்டங்கள் எழுந்தன. பால்மரம் சீவுவதற்கு ஆள் திரட்டக் கங்காணிமார் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்றனர். 1907ல் குடியேற்ற நிதி ஏற்பட்டு, ஆள் கொண்டுவரும் செலவைத் தோட்ட முதலாளிமார் தமக்குள் பகிர்ந்துகொண்டனர். வந்திறங்கியவர்க்கு நாட்கூலியும் லயத்தில் ஓர் அறையும் கிடைத்தன. அறைக்கு வாடகை இல்லை. 'இலவச வீடு' என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று.

அஃது உண்மையில் இலவசந்தானா? இந்திய அரசாங்கம் 1922ல் குடிபெயர்வுச் சட்டம் இயற்றித் தன் ஏஜெண்டையும் மலாயாவில் அமர்த்திய பின்னர், தோட்டத் தொழிலாளிக்குத் தரக்கூலி வகுக்கும் முறை தோன்றிற்று. அரிசி, பருப்பு, மிளகாய், உப்பு, துணி என்று மாதச் செலவைப் பட்டியலிட்டு, அதனைக்கொண்டு நாட்கூலியை அளந்தனர். 1920களின் இறுதியில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று சில பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட விகிதம் ஏனையவற்றுக்கும் அளவுகோலாயிற்று. (ஒரே காட்டில் ஒரே மரத்தைச் சீவும் பெண்ணுக்குப் பத்துக் காசு குறைந்ததற்கு அவள் பெண் என்பதன்றி வேறு நியாயம் யாதோ!) அப்பட்டியலில் வாடகைக்கு இடமில்லை. வீடுதான் தோட்டத்தினுடையதாயிற்றே! ஆகவே வீட்டுக்கென்று ஒரு காசேனும் கூலியிற் சேரவில்லை. கொடுப்பதுபோற் கொடுத்தது, கூலியிலிருந்து முன்னரே கழிக்கப்பட்டதேயாகும்.

வீட்டுப் பிரச்சினையைப் பற்றி 1872ல் எழுதிய எங்கெல்ஸ், தொழிலாளிக்கு வாடகை மிச்சமாகுமாயின் அம்மிச்சம் நாளடைவில் கூலிக் குறைவாகி முதலாளியின் பைக்கே திரும்பும் என்று வாதித்தார். அவர் ஐரோப்பியத் தொழிலாளரை நோக்கியே எழுதினார். ஆயினும் அவருடைய கூற்று நம் லயங்களுக்கே எழுதப்பட்டதுபோற் பொருந்துகின்றது.

இக்கணக்கின் விளைவு பஞ்ச காலத்தில் வெளிப்பட்டது. உலகப் பொருளாதார மந்தத்தால் 1932ல் ரப்பர் விலை ராத்தலுக்கு ஏழு காசளவில் வீழ்ந்தது. அதற்கு முன்னரே, 1930ல், ஆணின் கூலி 40 காசாகவும் பெண்ணின் கூலி 32 காசாகவும் குறைக்கப்பட்டுவிட்டன. இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் கப்பலேற்றி அனுப்பப்பட்டனர். வேலை போன அன்றே வீடும் போயிற்று. 1936ன் இறுதியில் மலாயாவுக்கு வந்து நிலைமையை ஆராய்ந்த சீனிவாச சாஸ்திரியார், 50 காசும் 40 காசுமான பழைய விகிதத்தை மீட்டளிக்க வேண்டுமென்று 1937ஆம் ஆண்டு அறிக்கையிற் கூறினார். 1938ல் மீண்டும் கூலி குறைக்கப்படவே, இந்திய அரசாங்கம் ஆள் அனுப்புவதைத் தடுத்துவிட்டது. முதலாளியின் ஏட்டில் பொருளாதாரம் என்பது ரப்பர் விலை. தொழிலாளியின் ஏட்டிலோ அஃது அரிசி விலை. இரண்டும் ஒன்றாய் ஏறி ஒன்றாய் இறங்குவன அல்ல.

நாடு சுதந்திரம் பெற்ற காலத்தையொட்டி, அந்நியக் கம்பெனிகள் பல தம் தோட்டங்களைத் துண்டாக்கி விற்கத் தொடங்கின. நிலம் கைமாறுந்தோறும் லயத்தில் இருந்தோர் நிலை கேள்விக்குறியாயிற்று. அப்பொழுதுதான் வீ. தி. சம்பந்தனார் 1960ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்கு சேர்த்த தொழிலாளரின் பணத்தைக்கொண்டு, கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. தனியொருவன் கூலியால் ஓர் அறையேனும் வாங்க இயலாத மக்கள், கூடி நின்று ஒரு தோட்டத்தையே வாங்கினர்.

எனினும் பெரும்பாலோர் பழைய கணக்கிலேயே நின்றுவிட்டனர். செக்ரோல் எழுதிப் பழகிய எம்போன்ற கிராணிமார் இதனை நன்கறிவர். பெயர் போட்ட நாள், பால் ராத்தல், முன்பணம், பிடித்தம் என்று பல கட்டங்கள் அதில் உண்டு. தொழிலாளிக்கு வீட்டின் பெயரால் சேர்ந்த தொகை இவ்வளவு என்று காட்டும் கட்டம் மட்டும் இல்லை. லயத்துக்குச் சுண்ணாம்படித்த செலவும் கூரை வேய்ந்த செலவும் தோட்டத்தின் செலவுக் கணக்கில் ஏறும். தொழிலாளர் சேமநிதியோ ரொக்கக் கூலியின்மீதே கணக்கிடப்படும். ஆகவே கூலியின் ஒரு பகுதி என்று சொல்லப்பட்ட வீடு, முதுமையில் ஒரு காசையும் மிச்சம் வைப்பதில்லை. 1990ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்தது, அது நன்றே. ஆனால் குடியிருக்கும் தரம் வேறு, குடியிருக்கும் உரிமை வேறு. பங்களாவை ஒட்டிய வீட்டில் வாழும் கிராணிமாரும் இதற்கு விலக்கல்லர் என்பதை நாம் மறத்தலாகாது.

இனிக் கூலியைக் காண்போம். 2003ல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் முதலாளிமார் சங்கமும் செய்த உடன்படிக்கையில் உறுதி செய்யப்பட்ட மாதச் சம்பளம் 350 வெள்ளி. 2013ல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 900 வெள்ளி. 2025 பிப்ரவரியில் அது 1,700 ஆயிற்று. ஏறியது உண்மையே. ஓராண்டு வருவாயின் மூன்று மடங்குக்குள் அடங்கும் வீடே எளிதில் வாங்கத்தக்கது என்பது பொருளியலார் கொள்ளும் அளவு. அதன்படி 350 வெள்ளிக்காரன் வாங்கத்தக்க வீடு 12,600 வெள்ளி. 1,700 வெள்ளிக்காரன் வாங்கத்தக்க வீடு 61,200 வெள்ளி. அவ்விலைக்குப் புதிய வீடு விற்கும் வீடமைப்பாளரைக் காண்டல் அரிது. இதற்கிடையில் சிம்பாங் அம்பாட் வழியே நெடுஞ்சாலை வந்தது. உல்லாசத் தலமும் வீடமைப்புப் பகுதிகளும் எழுந்தன. நிலத்தின் மதிப்பு உயர்ந்ததை ஓர் ஏடு வளர்ச்சி என்று எழுதிற்று. மற்றோர் ஏட்டில் அதுவே எட்டாத விலையாயிற்று.

ஆகவே, ஐம்பது ஆண்டு உழைத்தும் வீடின்றி நிற்கும் முதியவரைக் கண்டு, 'குடித்தழித்தார், சேமிக்கத் தெரியாதவர்' என்று பழிப்போர் சற்றே நிதானிப்பாராக. குடியின் கேட்டை நாம் மறுப்பவரல்லேம். ஆனால் குடியாதவரும் வீடின்றி நிற்பதற்கு அது விடையாகாது. வீட்டுக்குரிய கூலி அவர் கைக்கு வரவே இல்லை. வராத பணத்தை எவரும் சேமித்ததில்லை.

செய்யத்தக்கவை இரண்டு. தோட்ட வீட்டின் வாடகை மதிப்பை ஒவ்வோர் உடன்படிக்கையிலும் வெளிப்படையாக எழுதி, அதன்மீதும் சேமநிதி பெறுதல் ஒன்று. நிலம் விற்கப்படும்போது அதில் குடியிருந்து உழைத்தோர்க்கு மனை ஒதுக்குவதை விற்பனையின் நிபந்தனையாக்குதல் மற்றொன்று. இவை தருமமும் அல்ல, சலுகையும் அல்ல. நெடுங்காலமாக எழுதாது விடப்பட்ட ஒரு பற்றை ஏட்டில் ஏற்றுதலேயாகும்.