ஒற்றைக் கோப்பு பிழைத்த கதை

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமானது. ஏறத்தாழ இரண்டு மாதம் கழித்து, அமெரிக்காவின் லாஸ் வேகஸ் நகரில் நடந்த கணினி மாநாட்டில் ராபர்ட் டேலி, பீட்டர் நியூமன் என்ற இருவர் ஒரு கட்டுரையை முன்வைத்தார்கள். இரண்டுக்கும் அப்போது ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அந்த உறவு ஏற்பட நாற்பத்தேழு ஆண்டுகளும் ஒரு மின்வெட்டும் தேவைப்பட்டன.

அந்தக் காலத்துக் கணினி ஓர் அறையையே அடைத்துக்கொண்டு நிற்கும். பலருடைய வேலையும் அந்த ஒரே எந்திரத்தில் இருக்கும். வட்டு பழுதானால் எல்லாருடைய உழைப்பும் போகும் என்பதால் முழுவதையும் காந்த நாடாவில் நகலெடுத்து வைத்தார்கள். ஊரே எரிந்துபோனால் ஊரையே திரும்பக் கட்டுவதற்கான ஏற்பாடு அது. ஆனால் ஊர் என்றைக்கோ ஒருநாள்தான் எரிகிறது. வீட்டுச் சாவி வாரத்துக்கு ஒருமுறை தொலைகிறது. மல்டிக்ஸ் என்ற புதிய இயங்குதளத்துக்காக எழுதிய அந்தக் கட்டுரையில், புதிதாக மாறிய கோப்புகளை மட்டும் அவ்வப்போது நாடாவில் ஏற்றுவது, ஒரு கோப்பைத் தொலைத்தவருக்கு அந்த ஒன்றை மட்டும் தேடி எடுத்துத் தருவது என்று இருவரும் வகுத்திருந்தார்கள். காகிதத்தில் அது எளிதாகத்தான் இருந்தது. நாடாவில் இறங்கியபோதுதான் சிக்கல் தெரிந்தது.

1979-இல் பெல் ஆய்வகத்தின் யூனிக்ஸ் இயங்குதளத்தின் ஏழாம் பதிப்பு வந்தது. நாடாவிலிருந்து கோப்பை மீட்க அதில் ‘ரெஸ்டர்’ என்று ஒரு நிரல் இருந்தது. பெயரைச் சொன்னால் கோப்பு வரும். ஆனால் சொன்ன பெயரில் வராது. வட்டில் அந்தக் கோப்புக்கு இருந்த உள் எண்ணையே பெயராகத் தாங்கி வரும். எந்த எண் எந்தக் கோப்பு என்று குறித்துவைத்து, ஒவ்வொன்றுக்கும் கையாலேயே பழைய பெயரைச் சூட்ட வேண்டும். 1983-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட யூனிக்ஸில் இந்தக் குறை தீர்ந்தது. நாடாவில் உள்ளதைக் கோப்புறை போல உலாவிப் பார்த்து, வேண்டியதைக் குறித்து, பெயரோடே வெளியே எடுக்க முடிந்தது. இனிக் கவலையில்லை என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். 1986-இல் மான்செஸ்டரில் ஒரு கை தவறியது.

மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் வேக்ஸ் கணினி ஒன்றில், எல்லா அதிகாரமும் உள்ள கணக்கில் இருந்தபடி ஒருவர் ‘அனைத்தையும் அழி’ என்ற கட்டளையைத் தட்டினார். ஏதோ ஒரு மூலைக் கோப்புறையில் நிற்பதாக அவர் நினைப்பு. நின்றதோ எல்லாக் கோப்புறைகளுக்கும் வேரான இடத்தில். ஏன் இவ்வளவு நேரமாகிறது என்று சந்தேகப்பட்டு நிறுத்துவதற்குள் இயங்குதளத்தின் முக்கியக் கோப்புறைகள் போய்விட்டன. நாடாவில் நகல் இருந்தது. அதிலிருந்து மீட்கும் நிரலும், நாடாக் கருவியை அடையாளம் காட்டும் கோப்பும் அழிந்தவற்றோடு அழிந்திருந்தன. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, வாளியும் கயிறும் கிணற்றுக்குள்ளேயே கிடக்கின்றன என்ற நிலை.

ஒரே ஓர் அதிர்ஷ்டம்: ஒரு திரையில் ஈமேக்ஸ் என்ற எழுதுகருவி ஏற்கெனவே திறந்திருந்ததால் அது மட்டும் உயிரோடு இருந்தது. புதிதாகக் கோப்புறை உருவாக்கும் கட்டளைகூட மிஞ்சவில்லை. வேக்ஸின் எந்திர மொழி தெரிந்தவர்கள் ஒரு குட்டி நிரலை எண்களாகவே எழுதி, ஈமேக்ஸ் வழியே உள்ளே தட்டினார்கள். அந்த நிரல் செய்தது ஒரே வேலை: தற்காலிகக் கோப்புகள் கிடக்கும் ‘டெம்ப்’ கோப்புறையின் பெயரை மாற்றி, அழிந்துபோன ‘ஈ.டி.சி.’ கோப்புறையின் இடத்தில் நிறுத்தியது. அந்தச் சின்ன இடுக்கில் கால் வைத்துத்தான் படிப்படியாக முழு எந்திரத்தையும் எழுப்பினார்கள். அங்கே இருந்த மாரியோ வோல்ச்கோ எழுதிவைத்த இந்தக் கதையைக் கணினிக்காரர்கள் இன்றும் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே அத்தனை நிபுணர்கள் இருந்தார்கள். யாருமே இல்லாத வீட்டுக் கணினியில் இப்படி நடந்தால்?

1990-களில் அதுதான் நடந்தது. ஒரு மென்பொருளை நிறுவினால், அது விண்டோஸின் பொதுக் கோப்பு ஒன்றைத் தன் பதிப்பால் மிதித்துவிடும். இன்னொரு மென்பொருள் படுத்துவிடும். விண்டோஸ் 2000-இல் மைக்ரோசாஃப்ட் ஒரு காவல் வைத்தது. முக்கியக் கோப்புகளின் நகல்கள் தனிக் கோப்புறையில் இருக்கும். எதையாவது யாராவது மாற்றினால் சத்தமில்லாமல் பழையது திரும்பி வந்துவிடும். அதே 2000 செப்டம்பரில் வந்த விண்டோஸ் மீ ஒரு படி மேலே போய், கணினியின் நிலையையே நாள் குறித்துச் சேமித்தது. ஓராண்டு ஓடியது. 2001 செப்டம்பர் 8-க்குப் பிறகு சேமித்த நகல்கள் தேதிப் பிழையால் திரும்ப எடுக்க முடியாமல் போயின. வட்டில் நகல் இருந்தும் கணினியின் கண்ணுக்குத் தெரியவில்லை. திருத்தம் வெளியிட வேண்டியதாயிற்று. அடுத்த மாதமே விண்டோஸ் எக்ஸ்பி வந்தது. தருமபுரிக்கு உறவு தொடங்குவது இங்கேதான்.

2012-இல் சென்னைக்கு வெளியே தமிழகம் பல மணி நேர மின்வெட்டில் தவித்தது. தருமபுரி மாவட்டத்தின் பென்னாகரம், அரூர், பாலக்கோடு போன்ற ஊர்களில் எக்ஸ்பி ஓடும், யு.பி.எஸ். இல்லாத டி.டி.பி. கடையிலோ ஜெராக்ஸ் கடையிலோ கரண்ட் பொசுக்கென்று போனால், அந்த நொடியில் வட்டில் எழுதிக்கொண்டிருந்த, விண்டோஸின் அமைப்பு விவரங்கள் அடங்கிய ரெஜிஸ்ட்ரி கோப்பு பாதியில் நின்று கெட்டுவிடும். கரண்ட் திரும்பியதும் கறுப்புத் திரையில், ‘சிஸ்டம்’ என்ற கோப்பு இல்லை அல்லது பழுதாகிவிட்டது என்று வெள்ளை எழுத்தில் ஒரு செய்தி. சர்வீஸ் கடையில் கிடைக்கும் வழக்கமான பதில் “ஃபார்மட் போட்டுடலாம்ணே” என்பதுதான். போட்டால் தமிழ் எழுத்துரு, பிரிண்டர், கணக்கு மென்பொருள் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். கல்யாணப் பத்திரிகை நாளைக் காலை தர வேண்டியது.

ஃபார்மட் தேவையே இல்லை என்பது விஷயம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ரெஜிஸ்ட்ரி என்பது அடிப்படையில் ஐந்து கோப்புகள். எக்ஸ்பியில், விண்டோஸை நிறுவிய நாளின் நகல் ‘ரிப்பேர்’ கோப்புறையில் இருக்கும். சி.டி. போட்டு, மீட்புத் திரைக்குப் போய், அந்த ஐந்தையும் உரிய இடத்தில் வைத்தால் எந்திரம் கண் விழிக்கும். ஆனால் நிறுவிய நாளுக்குப் பின் ஏற்றிய எதுவும் அதற்கு நினைவிருக்காது. விழித்ததும், பூட்டிக் கிடக்கும் இன்னொரு கோப்புறையைத் திறந்து, அண்மையில் சேமித்த ஐந்தையும் ஒரு ‘டெம்ப்’ கோப்புறைக்கு எடுத்துவைத்து, மறுபடி மீட்புத் திரைக்குப் போய் மாற்ற வேண்டும். மான்செஸ்டரில் கைகொடுத்த அதே பெயருள்ள கோப்புறை! மைக்ரோசாஃப்ட் தன் உதவிக் குறிப்பிலேயே இந்த வழியைச் சொல்லியிருந்தது. அந்தப் பூட்டிய கோப்புறைக்குள் ஏறக்குறைய நாள்தோறும் அந்த ஐந்தையும் சேர்த்துக்கொண்டிருந்தது யார்?

ரெஸ்டோர் பாயிண்ட், விண்டோஸ் மீ-யில் தொடங்கிய அந்த நாள் குறித்த சேமிப்பு. மெக்கானிக் இன்று நாலு கிளிக்கில் “நேத்தைக்கு மாத்திட்டேன்” என்று சொல்லித் தரும் அதே பொருள். டேலியும் நியூமனும் 1965-இல் நாடாவில் வைக்க நினைத்ததை அது வட்டின் ஒரு மூலையில் வைத்திருக்கிறது.

கதையில் இன்னும் ஒரு திருப்பம் உண்டு. பிந்தைய விண்டோஸ் பதிப்புகளில் ரெஜிஸ்ட்ரி நகலுக்கென்றே ‘ரெக்பேக்’ என்ற கோப்புறை இருந்தது. பலரை அது காப்பாற்றியது. விண்டோஸ் 10-இன் 1803 பதிப்பிலிருந்து அங்கே கோப்புப் பெயர்கள் இருக்கின்றன, அளவு பூஜ்யம். வட்டில் இடம் மிச்சப்படுத்தவே நகலெடுப்பதை நிறுத்தியதாக 2019-இல் மைக்ரோசாஃப்ட் விளக்கியது. மிச்சமிருப்பது ரெஸ்டோர் பாயிண்ட்தான். பல கணினிகளில் அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. ‘சிஸ்டம் ப்ரொடெக்ஷன்’ பக்கத்தில் சி டிரைவுக்கு நேரே ‘ஆஃப்’ என்று இருந்தால், அடுத்த மின்வெட்டுக்குப் பிறகு எடுப்பதற்கு அந்த ஐந்து கோப்புகளும் இருக்காது.