ஃபேன் சுத்துது, டிஸ்ப்ளே வரலையா? 'போர்டு போச்சு' என்று முடிவு செய்யும் முன் பயாஸைப் பாருங்க!

பவர் பட்டனை அழுத்தினால் லைட் எரிகிறது, ஃபேன் சுத்துகிறது. ஆனால் மானிட்டரில் 'நோ சிக்னல்' மட்டும்தான். நேற்று ராத்திரி ஏதோ அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது அப்போதுதான் ஞாபகம் வரும். சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால் பத்தே நிமிடத்தில் பதில் வந்துவிடும்: "போர்டு போயிடுச்சு சார், புதுசு போடணும்."

சில நேரம் அது உண்மைதான். ஆனால் சில நேரம் போர்டில் ஒரு பழுதும் இருக்காது. அதில் உள்ள விரல் நகம் அளவு சிப்பில் எழுதி வைத்திருக்கும் சாஃப்ட்வேர் மட்டும் கெட்டுப் போயிருக்கும். அதைத் திரும்ப எழுதிவிட்டால் கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்துவிடும். பல போர்டுகளில் இதற்கு ஒரு பென் டிரைவே போதும்.

இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், செலவு போர்டோடு நிற்காது. ஏழெட்டு வருஷத்துக்கு முந்தைய மெஷின் என்றால் அந்த ப்ராசஸருக்குப் பொருந்துகிற புது போர்டு கடையில் கிடைப்பது கஷ்டம். அப்போது போர்டோடு சேர்த்து ப்ராசஸரும் ரேமும் மாற்ற வேண்டி வரும்.

பயாஸ் என்ன வேலை செய்கிறது?

கம்ப்யூட்டரை ஆன் செய்த முதல் நொடியில் ப்ராசஸருக்கு எதுவுமே தெரியாது. ரேம் எங்கே, டிஸ்க் எங்கே, ஸ்கிரீன் எங்கே என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பது மதர்போர்டில் உள்ள எட்டுக் கால் ஃபிளாஷ் சிப்பில் இருக்கும் இந்த ஃபர்ம்வேர்தான். ரேமைத் தயார் செய்து, டிஸ்ப்ளேவை எழுப்பி, டிஸ்க்கைக் கண்டுபிடித்து, கடைசியில் விண்டோஸிடம் சாவியைக் கொடுக்கும். இப்போது வருவதன் முறையான பெயர் யூஇஎஃப்ஐ. ஆனால் கடையில் எல்லோருக்கும் அது இன்னமும் பயாஸ்தான். நாமும் அப்படியே சொல்வோம்.

இது ஹார்டு டிஸ்க்கில் இல்லை, தனி சிப்பில் இருக்கிறது. அதனால் பயாஸ் கெட்டால் விண்டோஸை மறுபடி போட்டுப் பிரயோஜனம் இல்லை. அதே காரணத்தால் உங்கள் போட்டோ, டேலி கணக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாகவே இருக்கும். "ஃபார்மேட் பண்ணாத்தான் சரியாகும்" என்று யாராவது சொன்னால் டிஸ்க்கைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

பயாஸ் எப்படிக் கெடுகிறது?

அடிக்கடி நடப்பது, அப்டேட் பாதியில் நிற்பது. சிப்பில் பழையதை அழித்துப் புதியதை எழுதும்போது கரண்ட் போனால் இரண்டும் இல்லாத நிலை. "நான் பயாஸை அப்டேட் செய்யவே இல்லையே" என்று நீங்கள் சொல்லலாம். பிராண்டட் டெஸ்க்டாப்களுக்கு இப்போது விண்டோஸ் அப்டேட் வழியாகவே ஃபர்ம்வேரும் வருகிறது. ரீஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்துக்கு மாறாக ஒரு பர்சன்டேஜ் கோடு ஓடினால் அது இதுவாக இருக்கலாம். வேறு மாடலின் ஃபைலைப் போட்டுவிடுவதும் உண்டு. அரிதாகச் சிப்பே வயதாகிப் போவதும் உண்டு.

வைரஸும் இதைச் செய்திருக்கிறது. தைவானில் எழுதப்பட்டு 1998-ல் பரவிய சிஐஎச் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று விழித்துக்கொண்டு பல நாடுகளில் கம்ப்யூட்டர்களின் டிஸ்க்கையும், எழுதுவதற்கு வழி இருந்த போர்டுகளில் பயாஸையும் அழித்தது. செர்னோபில் அணு விபத்து நடந்ததும் ஏப்ரல் 26 என்பதால் அதற்குச் 'செர்னோபில் வைரஸ்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

முதலில் இது பயாஸ்தானா என்று பாருங்கள்

டிஸ்ப்ளே வராத மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் பயாஸ் இல்லை, ரேம்தான். அதனால் சாதாரண விஷயங்களை முதலில் முடித்துவிடுங்கள். மானிட்டர் கேபிள் சரியான இடத்தில்தான் செருகியிருக்கிறதா? தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் இருக்க வேண்டும், போர்டில் அல்ல. மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி அதன் தங்க நிற முனையை மென்மையாகத் துடைத்து, ஒரே ஒரு ரேமை மட்டும் ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள்.

அப்டேட் முடிந்த பிறகுதான் கறுப்பு ஸ்கிரீன் என்றால் உடனே பவரை அணைக்காதீர்கள். டிடிஆர் 5 ரேம் உள்ள மெஷின்கள், குறிப்பாக ஏஎம்டி ஏஎம்5 போர்டுகள், அப்டேட்டுக்குப் பிறகு முதல்முறை ஆன் ஆகும்போது ரேமைப் புதிதாகப் பழக்கிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும், அதுவரை ஸ்கிரீனில் எதுவும் வராது. நல்ல போர்டைப் பயந்துபோய் அணைத்து அணைத்துப் போடுகிறவர்கள் உண்டு. ஒரு டீ குடித்துவிட்டு வந்து பாருங்கள்.

அடுத்தது, கடைக்காரர்களே பயன்படுத்தும் ஒரு எளிய சோதனை. போர்டில் 'ஸ்பீக்கர்' என்று எழுதியிருக்கும் பின்னில் சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றைச் செருகுங்கள். இப்போது வரும் கேபினெட்டில் இது இருப்பதில்லை, தனியாக வாங்க வேண்டும். ரேம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். "ரேம் இல்லை" என்று பீப் அடித்தால் பயாஸ் ஓரளவாவது உயிரோடு இருக்கிறது. பழுதை வேறு இடத்தில் தேடுங்கள். சத்தமே இல்லை என்றால் பயாஸ் மீது சந்தேகம் வலுக்கிறது. ஆனால் ப்ராசஸரோ எஸ்எம்பிஎஸ்ஸோ போயிருந்தாலும் இதே மௌனம்தான், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆன் ஆகிச் சில நொடியில் தானாக ஆஃப் ஆகி, மறுபடி ஆன் ஆகி என்று சுழன்றுகொண்டே இருப்பதும் பயாஸ் கெட்டதற்கு ஒரு அடையாளமாக இருக்கலாம்.

பட்டன் பேட்டரியைக் கழற்றிப் போட்டால் சரியாகுமா? சிஆர் 2032 பேட்டரியை எடுப்பதால் பயாஸ் செட்டிங் மட்டும்தான் அழியும். தப்பான செட்டிங்கால் நின்ற மெஷின் இதில் எழுந்துவிடும் என்பதால் செய்து பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் சிப்பில் உள்ள ப்ரோக்ராமே கெட்டிருந்தால் இது எதையும் மாற்றாது.

பென் டிரைவ் வைத்தியம்

போர்டின் பின்பக்கம், யூஎஸ்பி போர்ட்டுகள் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கிறதா பாருங்கள். ஏசூஸ் அதை பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கிறது, எம்எஸ்ஐ ஃபிளாஷ் பயாஸ் பட்டன் என்கிறது, கிகாபைட் க்யூ ஃபிளாஷ் பிளஸ் என்கிறது. பெயர்தான் வேறு, வேலை ஒன்றுதான். போர்டில் உள்ள தனிக் கன்ட்ரோலர் சிப் ஒன்று, ப்ராசஸரின் உதவியே இல்லாமல் பென் டிரைவில் இருந்து ஃபைலைப் படித்துப் பயாஸ் சிப்பில் எழுதிவிடும். அதனால்தான் பயாஸ் முழுவதும் செத்துப்போன போர்டிலும் இது வேலை செய்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். இன்னொரு கம்ப்யூட்டரில், போர்டு கம்பெனியின் சொந்த வெப்சைட்டுக்குப் போய் உங்கள் மாடலின் பயாஸ் ஃபைலை இறக்குங்கள். மாடல் பெயர் போர்டின் மேலேயே அச்சிட்டிருக்கும். கிகாபைட் என்றால் ஓரத்தில் 'ரெவ்' என்று ஒரு நம்பரும் இருக்கும். 1.0-வும் 1.1-ம் ஒன்றாக இருக்காது, அதையும் பார்த்துத்தான் இறக்க வேண்டும். 32 ஜிபிக்கு மேல் போகாத பென் டிரைவை ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்து, ஜிப்பைப் பிரித்து ஃபைலை மட்டும் உள்ளே போடுங்கள், எந்த ஃபோல்டருக்குள்ளும் வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் தோற்பது அடுத்த படியில். ஃபைலின் பெயரை மாற்ற வேண்டும். எம்எஸ்ஐ போர்டுக்கு 'எம்எஸ்ஐ' என்று போட்டு, ஒரு புள்ளி, பிறகு 'ஆர்ஓஎம்' என்று ஆங்கிலத்தில். கிகாபைட்டுக்கு கம்பெனி பெயர், புள்ளி, 'பின்'. ஏசூஸில் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு பெயர். ஜிப்போடு வரும் ரீநேமர் ப்ரோக்ராமை ஓடவிட்டால் அதுவே மாற்றிக்கொடுக்கும். விண்டோஸ் ஃபைல் பெயரின் கடைசிப் பகுதியை மறைத்து வைத்திருந்தால் ஒரே வால் இரண்டு தடவை ஒட்டிக்கொள்ளும். பிறகு எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

கம்ப்யூட்டர் ஆஃப் நிலையில், ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கரண்ட் வந்துகொண்டிருக்கும்போது, அதற்கென்று குறியிட்ட யூஎஸ்பி போர்ட்டில் பென் டிரைவைச் செருகிப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். ஏசூஸில் 3 நொடி. லைட் விட்டுவிட்டு எரியத் தொடங்கும். அது தானாக நிற்கும் வரை, ஏழெட்டு நிமிடமானாலும், கை வைக்காதீர்கள். சில நொடிகளிலேயே சிமிட்டல் நின்றுவிட்டால் எழுதி முடித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். ஃபைலைப் படிக்க முடியவில்லை என்றுதான் அர்த்தம். பென் டிரைவையும் பெயரையும் மாற்றிப் பாருங்கள்.

பிராண்டட் டெஸ்க்டாப்பில் இந்தப் பட்டன் பெரும்பாலும் இருக்காது, கீபோர்டு வழி இருக்கும். எச்பி மெஷினுக்கு அதன் பயாஸ் ப்ரோக்ராமை வேறு கம்ப்யூட்டரில் ஓடவிட்டு ரெகவரி பென் டிரைவ் தயார் செய்து செருகி, விண்டோஸ் கீயையும் 'பி' கீயையும் பிடித்தபடி பவர் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்த வேண்டும். டெல் என்றால் கன்ட்ரோலும் எஸ்கேப்பும். இவை வேலை செய்ய, சிப்பில் ஒரு சின்னப் பகுதியாவது கெடாமல் இருக்க வேண்டும். சில கிகாபைட் போர்டுகளில் ஸ்பேராக இரண்டாவது பயாஸ் சிப்பே இருக்கும். முதலாவது கெட்டால் இரண்டாவது பொறுப்பேற்றுக்கொள்ளும். எல்லா மாடலிலும் கிடையாது.

எதுவும் கேட்கவில்லை என்றால்?

கடைசி வழி, சிப்பில் நேரடியாக எழுதுவது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடங்களில் சிப் லெவல் சர்வீஸ் செய்கிறவர்களிடம் "பயாஸ் ப்ரோக்ராமிங் பண்ணுவீங்களா" என்று கேளுங்கள். சிஎச் 341 ஏ என்ற ப்ரோக்ராமர் சில நூறு ரூபாய்க்கே கிடைப்பதால் வீட்டிலேயே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி இறங்குகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்.

பொதுவான சிப்கள் 3.3 வோல்ட்டில் ஓடுபவை. மலிவாகக் கிடைக்கும் கறுப்பு நிற ப்ரோக்ராமர்கள் பலவற்றில் சிக்னல் லைனில் 5 வோல்ட் வருகிறது. சில போர்டுகளில் இருப்பதோ 1.8 வோல்ட் சிப். அதற்குத் தனி அடாப்டர் இல்லாமல் கிளிப்பை மாட்டினால் சிப் போய்விடும். சிப்பின் மேல் உள்ள நம்பரைப் பார்த்து உறுதி செய்த பிறகே தொடுங்கள். போர்டில் கரண்ட்டும் இருக்கக் கூடாது, பட்டன் பேட்டரியும் இருக்கக் கூடாது.

எழுதும் முன் சிப்பில் இப்போது இருப்பதை இரண்டு முறை படித்துச் சேமித்து, இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டுப்போன பயாஸ்தானே, அது எதற்கு என்று தோன்றும். உங்கள் போர்டின் சீரியல் நம்பர், பல போர்டுகளில் நெட்வொர்க்கின் மேக் அட்ரஸ், பிராண்டட் மெஷினில் விண்டோஸ் லைசென்ஸ் கீ எல்லாம் அந்தச் சிப்பில்தான் இருக்கின்றன. நெட்டில் கிடைத்த ஃபைலை அப்படியே மேலே எழுதினால் மெஷின் ஆன் ஆகும், ஆனால் இவை காணாமல் போகும். கடையில் கொடுத்தாலும் "பழைய பேக்கப் எடுத்துட்டீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். கம்பெனி வெப்சைட்டில் கிடைக்கும் ஃபைலிலும் சிலவற்றில் முன்னால் கூடுதல் பகுதி ஒட்டியிருக்கும். ப்ரோக்ராமருக்கு அதை நீக்கிவிட்டு, சிப்பின் அளவோடு மிகச் சரியாகப் பொருந்தும் ஃபைல்தான் வேண்டும்.

மெஷின் எழுந்த பிறகு

பயாஸ் திரும்ப வந்ததும் தேதி தப்பாக இருக்கும், செட்டிங் எல்லாம் பழைய நிலைக்குப் போயிருக்கும். அதெல்லாம் சின்ன விஷயம். திடீரென நீல ஸ்கிரீனில் பிட்லாக்கர் 48 இலக்க கீ கேட்டால்தான் பலருக்குக் கை நடுங்குகிறது. டிஸ்க்கின் பூட்டுச் சாவி போர்டின் பாதுகாப்புப் பகுதியோடு பிணைந்திருப்பதால், ஃபர்ம்வேர் மாறியதும் விண்டோஸ் சந்தேகப்பட்டு இதைக் கேட்கிறது. வீட்டு மெஷின் என்றால் அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் சேமிக்கப்பட்டிருக்கும், போனிலேயே லாகின் செய்து பார்க்கலாம். ஆபீஸ் மெஷின் என்றால் ஐடி ஆட்களிடம் கேளுங்கள். அந்தக் கீ எங்குமே இல்லை என்றால் டிஸ்க் நன்றாக இருந்தும் டேட்டாவைத் திறக்க முடியாது. அதனால் மெஷின் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால், இதைப் படித்த கையோடு அந்தக் கீயைத் தேடி ஒரு பேப்பரில் எழுதி பீரோவில் வைத்துவிடுங்கள். அடுத்த பயாஸ் அப்டேட்டை யூபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கும் நாளில் மட்டும் செய்யுங்கள்.