ஆள் பற்றாக்குறை என்னும் பழைய பல்லவி: மாத்தளைப் பாதையில் ஒரு வரலாறு

உலகெங்கும் தொழில் நடத்துவோரிடமிருந்து இன்று ஒரே குரல் எழுகின்றது: "வேலைக்கு ஆள் இல்லை." ஐரோப்பாவில் பாரவூர்தி ஓட்ட ஆள் இல்லை, ஜப்பானில் முதியோரைப் பராமரிக்க ஆள் இல்லை, இலங்கை மலைநாட்டில் கொழுந்து பறிக்க ஆள் இல்லை. பத்திரிகைகளின் வர்த்தகப் பக்கங்கள் இதனை இந்த நூற்றாண்டுக்கே உரிய புதிய நோயாக வருணிக்கின்றன. நோய் மிகப் பழையது. கண்டிச் சீமையின் காடுகளை வெட்டிக் கோப்பி பயிரிட்ட வெள்ளைத் துரைமார் 1830களிலும் 1840களிலும் இதே பல்லவியைத்தான் பாடினார்கள். அவர்கள் கண்டுபிடித்த மருந்து எது, அதற்கான விலையைச் செலுத்தியவர்கள் யார் என்பதை அறிய மாத்தளை மாவட்டத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தாலே போதும்.

ஆள் இருந்தும் ஆள் இல்லை

ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், கம்பளைப் பகுதியில் தொடங்கிய பெருந்தோட்டக் கோப்பிச் செய்கை அடுத்த இருபது ஆண்டுகளில் மலைநாடெங்கும் பரவியது. கட்டாய ஊழியமாகிய இராஜகாரியம் 1832 இல் ஒழிக்கப்பட்டது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டு நிலங்களையும் தரிசு நிலங்களையும் முடிக்குரியனவாக்கியது. அந்நிலங்கள் துரைமாருக்கும் அரசாங்க உத்தியோகத்தருக்கும் மலிவு விலைக்கு விற்கப்பட்டன. மாத்தளையைச் சூழ்ந்த மலைச்சரிவுகளும் இவ்வாறே கோப்பிக் காடுகளாயின.

நிலம் கிடைத்தது, மூலதனம் கிடைத்தது, கூலிக்கு ஆள் மட்டும் கிடைக்கவில்லை. இத்தனைக்கும் மாத்தளைப் பள்ளத்தாக்கு மனிதர் வாழாத வனாந்தரமன்று. வயலும் வீட்டுத் தோட்டமும் சேனைப் பயிரும் கொண்ட சிங்களக் கிராமங்கள் நிறைந்த நாடு அது. தன் வயலில் அறுவடை காத்திருக்கும்போது, அற்பக் கூலிக்கு, அதுவும் எப்போது கைக்கு வரும் என்று தெரியாத கூலிக்கு, துரையின் கோப்பிக் காட்டில் விடிய விடிய நிற்க அந்தக் கிராமத்தான் விரும்பவில்லை. துரைமார் அவனுக்குச் சூட்டிய பெயர் "சோம்பேறி". ஆனால் அதே சிங்களக் கிராமத்தவர்கள் காடு வெட்டும் வேலையை ஒப்பந்தத்திற்கு எடுத்துச் செய்தார்கள். மாட்டு வண்டிகளில் கோப்பி மூட்டைகளை ஏற்றிச் சென்றார்கள். தமக்கு ஏற்ற நிபந்தனையில் கிடைத்த வேலையை அவர்கள் ஒருபோதும் தட்டவில்லை.

"ஆள் பற்றாக்குறை" என்ற சொல்லின் உண்மைப் பொருள் இவ்விடத்தில்தான் வெளிப்படுகின்றது. முதலாளி கொடுக்கச் சித்தமாயிருந்த கூலிக்கும் அவர் விதித்த நிபந்தனைக்கும் இசையக்கூடிய ஆள் இல்லை என்பதே அதன் பொருள். இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. நிபந்தனையை மாற்றலாம், அல்லது ஆளை மாற்றலாம். துரைமார் இரண்டாவது வழியைத் தேர்ந்தார்கள்.

வடபாதை

பாக்கு நீரிணைக்கு அப்பால் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, சேலம் எனப் பரந்து கிடந்த நாட்டில் நிலமற்றோரும் கடன்பட்டோரும் சாதியின் அடித்தட்டில் நசுங்கியோரும் இலட்சக்கணக்கில் இருந்தார்கள். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறை 1830களில் ஒழிந்தபோது மொரீசியசும் மேற்கிந்தியத் தீவுகளும் இந்தியத் தொழிலாளரை ஒப்பந்தத்தில் கட்டிக் கப்பலேற்றின. இலங்கைக்கு அந்தச் செலவும் தேவைப்படவில்லை. கடலின் குறுகலான பகுதியைத் தோணியில் கடந்தால், மீதித் தூரத்தை அவர்களே நடந்து வந்துவிடுவார்கள்.

அப்படியே நடந்தும் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா வழியாக மாத்தளை வரையில் நீண்டது அந்த வடபாதை. தண்ணீர் அரிதான, காய்ச்சல் மிகுந்த உலர்வலயக் காட்டினூடாக ஏறத்தாழ 150 மைல் நடை. 1844 இல் மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்திறங்கியதாகப் பதிவுகள் கூறுகின்றன. மிகப் பெரும்பாலோர் ஆண்கள். பெண்கள் மிகச் சொற்பம். கோப்பிப் பழம் பறிக்கும் சில மாதங்களுக்கே துரைமாருக்கு ஆள் தேவைப்பட்டமையால், பருவம் முடிந்ததும் அதே பாதையில் அவர்கள் ஊர் திரும்பினார்கள். ஆகவே சாவைத் தருவதற்கு அந்தப் பாதைக்கு ஆண்டுக்கு இருமுறை வாய்ப்புக் கிடைத்தது.

வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பட்டினியும் வழிநெடுகப் பலி கொண்டன. 1840களில் மாண்டோர் எழுபதாயிரம் பேர் வரையில் இருக்கலாம் என்று கொழும்புப் பத்திரிகை ஒன்று 1849 இல் கணக்கிட்டது. அந்த எண்ணிக்கை குறித்து வரலாற்றாசிரியர்களிடையே இன்றளவும் கருத்து வேறுபாடு உண்டு. வந்தவர் எத்தனை, திரும்பியவர் எத்தனை என்ற கழித்தலில் பிறந்த கணக்கு அது. ஒரு பேரரசு தன் ஏற்றுமதிக் கோப்பியை அந்தர் கணக்கில் துல்லியமாகப் பதிவு செய்துவிட்டு, அதைப் பறித்த மனிதரின் சாவைக் கழித்தல் கணக்கில் ஊகிக்கும்படி விட்டுச் சென்றது என்பதே அதைவிடப் பெரிய சாட்சியம்.

மாத்தளை நகரின் முத்துமாரியம்மன் கோயில் 1874 இல் எழுந்தது. நோய்கள் துரத்திய பாதையின் முடிவில், அந்த நோய்களுக்கே அதிபதியாகத் தமிழ்க் கிராமங்கள் வணங்கும் அம்மன் குடிகொண்டாள். இன்று மாசிமகத் தேர்த்திருவிழாவுக்குத் திரளும் கூட்டத்தில் பலர், அந்தப் பாதையில் தப்பிப் பிழைத்தவர்களின் வழித்தோன்றல்களே.

1848: கலகத்தின் மறுபக்கம்

மாத்தளை என்றதும் இலங்கை வரலாற்று மாணவர்களுக்கு நினைவு வருவது 1848 ஆம் ஆண்டுக் கலகம். கோப்பி விலை 1847 இல் சரிந்ததும் அரசின் வருமானம் குன்றியது. டொரிங்டன் ஆளுநர் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். இவற்றோடு வந்ததுதான் வீதிச் சட்டம். ஆண்டுக்கு 6 நாள் தெருவேலை செய். இல்லையேல் 3 ஷில்லிங் கட்டு.

தோட்டக் கூலிக்கு வர மறுத்த கிராமத்தவரைத் தோட்டங்களுக்குப் பயன்படும் தெருக்களை அமைக்க இழுக்கும் சட்டமாக அது அமைந்ததைக் கவனிக்க வேண்டும். ஒழிந்ததாகச் சொல்லப்பட்ட இராஜகாரியம் வேறு வேடத்தில் திரும்பியது என்று கிராமத்தவர் கருதியதில் வியப்பில்லை. 1848 ஜூலை இறுதியில் தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூடப்பட்டார். புரன் அப்பு முதலானோர் தலைமையில் திரண்ட மக்கள் மாத்தளையைத் தாக்கினார்கள். கலகம் சில நாட்களில் கொடூரமாக அடக்கப்பட்டது. புரன் அப்பு ஆகஸ்ட் 8 இல் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கலகம் செய்த சிங்களக் குடியானவரும், அதே தம்புள்ளைப் பாதையில் நடந்து வந்த தமிழ்த் தொழிலாளியும் ஒரே தேவையின் இரு முனைகளில் நின்றவர்கள். நிலத்தை இழந்தவர் ஒருவர். இழக்கவும் நிலமில்லாதவர் மற்றவர். இவ்விருவரையும் ஒருவருக்கொருவர் அந்நியராக்கி வைத்தது அந்தக் காலத்தின் கெட்டிக்காரத்தனம். அதன் பலனை நாடு பின்னர் நெடுங்காலம் அனுபவித்தது.

துண்டு என்னும் சங்கிலி

இலங்கைக்கு வந்தவர்கள் "சுதந்திரத் தொழிலாளர்" என்று ஆவணங்கள் சொல்லும். அவர்களைக் கட்டி வைத்தது கடன். துரையிடம் முன்பணம் பெற்ற கங்காணி தன் ஊருக்குச் சென்று, உறவினரிடமும் சாதிக்காரரிடமும் பழைய கடனை அடைக்கவும் வழிச்செலவுக்குமெனப் பணம் கொடுத்து ஆள் திரட்டி வந்தார். ஆட்சேர்ப்புச் செலவு முழுவதும் இறுதியில் ஆளின் கணக்கிலேயே ஏறியது. தோட்டத்தைவிட்டு நீங்க வேண்டுமாயின் "துண்டு" வேண்டும். இன்ன தொகைக் கடனைத் தீர்த்தால் இந்தக் கங்காணியின் ஆட்களை விடுவிப்போம் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு அது. வேறொரு துரை அந்தக் கடனைச் செலுத்தினால் ஆட்கள் அவர் தோட்டத்துக்கு மாறுவார்கள். கடன் கைமாறும்போது அதனோடு மனிதரும் கைமாறினார்கள்.

துரைமார் ஆள் இல்லை என்று புலம்பிய அந்தப் பல தசாப்தங்களில் தோட்டக் கூலி விகிதம் ஏறக்குறைய அசையாமல் நின்றது. சந்தையில் ஒரு பண்டம் அரிதானால் அதன் விலை ஏறும் என்பது பொருளியலின் அரிச்சுவடி. ஆள் அரிதாக இருந்தும் கூலி ஏறவில்லையெனில், அங்கே நடந்தது சந்தையன்று. கடனும் கங்காணியும், பணியிலிருந்து விலகுவோரைச் சிறைக்கனுப்பும் சட்டமும் சந்தையின் இடத்தைப் பிடித்திருந்தன. துண்டு முறை 1921 ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் ஒழிக்கப்பட்டது. குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1927 இல் வந்தது.

பருவம் போய்ப் பரம்பரை வந்தது

1869 இல் காணப்பட்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளில் கோப்பியை அழித்தது. மாத்தளைக்குப் புகையிரதம் வந்த 1880 ஆம் ஆண்டில் கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. பின்னர் மாவட்டத்தில் தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வாசனைத் திரவியங்களும் இடம்பிடித்தன. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். 1876–78 ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம் குடும்பம் குடும்பமாக மக்களை இந்தப் பக்கம் தள்ளிவிட்டிருந்தது. லயன் அறைகள் நிரந்தர வீடுகளாயின. வந்து திரும்பிய கூலிகள் பரம்பரைக் குடிகளானார்கள்.

குடிகளான பின்னரும் உரிமை வரவில்லை. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. ஆள் இல்லை என்று அழைத்து வரப்பட்டவர்கள், ஆள் மிகுதி என்று திருப்பியனுப்பப்பட்டார்கள். எஞ்சியோரின் நாடற்ற நிலை 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் பெரும்பாலும் தீர்ந்தது.

திரும்பி வந்த பல்லவி

பெருந்தோட்டங்கள் 1992 இல் தனியார் கம்பனிகளின் நிருவாகத்திற்கு மாறியபோது அவற்றில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் இருந்தனர். இன்று அதில் பாதிக்கும் குறைவானோரே இருக்கின்றனர். இளைஞர் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போகின்றனர். இளம்பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வளைகுடா வீடுகளுக்கும் போகின்றனர். பொருளாதாரம் சரிந்த 2022 இல் மட்டும் நாட்டைவிட்டு வெளிநாட்டு வேலைக்குச் சென்ற இலங்கையர் மூன்று இலட்சத்துக்கு மேல். "இந்தப் பிள்ளைகளுக்குத் தோட்ட வேலையில் நாட்டமில்லை, சோம்பேறிகளாகிவிட்டார்கள்" என்ற பேச்சு மீண்டும் காதில் விழுகின்றது. 1840களில் சிங்களக் கிராமத்தவருக்குச் சூட்டிய அதே பட்டம், இன்று அவருக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்டவரின் பேரப்பிள்ளைகளுக்குச் சூட்டப்படுகின்றது.

அவர்களுக்கு முன் வைக்கப்பட்ட நிபந்தனையைப் பார்ப்போம். நாட்கூலி 1,000 ரூபாவாகியது 2021 இல். அதுவும் ஆண்டுக்கணக்கான போராட்டத்தின் பின். 1,700 ரூபா என 2024 இல் வெளிவந்த வர்த்தமானி அறிவித்தலை எதிர்த்துக் கம்பனிகள் நீதிமன்றம் சென்றன. அவ்வாண்டு செப்டெம்பரில் அடிப்படைக் கூலி 1,350 ரூபா என முடிந்தது. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் அதனை 1,550 ரூபாவாக்கி, அரசின் வரவுக் கொடுப்பனவாக மேலும் 200 ரூபா சேர்க்க முன்மொழிந்தது. வீட்டு நிலமோ 7 பேர்ச்சா 10 பேர்ச்சா என்ற விவாதத்திலேயே பல ஆண்டுகள் கழிந்தன.

மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவாக 2023 ஜூலை 28 இல் தலைமன்னாரில் புறப்பட்ட நடைபயணம், முன்னோரின் பாதையைத் தொடர்ந்து ஆகஸ்ட் 12 இல் மாத்தளையில் நிறைவுற்றது. காணி, வீடு, நியாயமான கூலி, சமமான குடியுரிமை என்பன அதன் கோரிக்கைகள். அதே ஆகஸ்ட் மாதத்தில், அதே மாத்தளை மாவட்டத்தில், அரசுக்குச் சொந்தமான எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனியின் ரத்வத்தை தோட்டத்தில் ஒரு தொழிலாளர் குடும்பம் அமைத்திருந்த தற்காலிக வீடு தோட்ட அதிகாரியால் இடித்துத் தள்ளப்பட்டது. தலைமுறைகளாக உழைத்த மண்ணில் ஒரு குடிசைக்கு உரிமையில்லாதபோது, அந்த மண்ணில் உழைக்கப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று கேட்பதற்கு எவருக்கு அருகதை உண்டு?

பிரித்தானியாவில் 2021 இல் பாரவூர்திச் சாரதிகள் போதாமல் எரிபொருள் நிலையங்கள் வறண்டபோது, அந்நாட்டு அரசு 5,000 தற்காலிக விசாக்களை அறிவித்தது. ஒரு சில மாத வேலைக்காக வீட்டைவிட்டு வருவதற்குப் பலர் விரும்பவில்லை. சாரதிகளின் சம்பளத்தை உயர்த்தவும் பணிச்சூழலைப் பற்றிப் பேசவும் அங்கே கம்பனிகள் நிர்ப்பந்திக்கப்பட்டன. மறுபுறம், வளைகுடாவுக்குப் பணிப்பெண்களைத் திரட்டும் உபமுகவர் இன்று மலையகக் குடும்பத்தின் கையில் முன்பணத்தைத் திணிக்கின்றார். பழைய கங்காணியின் கைக்காசைக் கண்டவர்களுக்கு அந்தப் பணம் புதிதாகத் தோன்றாது. அந்த முன்பணத்தை வாங்கியதனாலேயே போகாமலிருக்க முடியாத பெண்ணும், 1850 இல் நாலந்தாக் காட்டில் நடந்த ஆணும் நெருங்கிய உறவினரே.

மாத்தளையின் இருநூறு ஆண்டுகள் தொழில்துறையினருக்குச் சொல்வது சிக்கலானதன்று. தெரிவு இல்லாத மனிதரைத் தேடிக் கொண்டுவந்து ஆள் பற்றாக்குறையைத் தீர்ப்பது கடனை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவைப்பதற்கு ஒப்பாகும். அந்த மனிதரின் பேரப்பிள்ளை ஒருநாள் எழுத்தறிவு பெறுவான். பேருந்தில் ஏறிப் போய்விடுவான். மாத்தளைத் தோட்டங்களில் அந்த நாள் வந்துவிட்டது. மீண்டும் வேறெங்கேனும் பஞ்சம் விழுந்த ஊரைத் தேடுவதா, கூலியையும் காணியையும் வீட்டையும் பற்றி நேர்மையாகப் பேசத் தொடங்குவதா என்பதைத் தோட்டக் கம்பனிகளும் அரசும் இனியேனும் தீர்மானிக்க வேண்டும்.