திக்கென்றலும் படபடத்தலும்: அப்லேஷன் சிகிச்சைக்குப் பின் நெஞ்சு பேசும் மொழி

இருதயத்தின் தாளக்கேட்டிற்காக அப்லேஷன் என்னும் சிகிச்சையைச் செய்துகொண்டு ஊர் திரும்பிய ஒருவரிடம், மறுபரிசோதனை நாளன்று மருத்துவர் கேட்கும் முதற் கேள்வி, பெரும்பாலும், "படபடப்பு இருக்கிறதா?" என்பதாகவே இருக்கும். இருக்கிறதென்றால் சிகிச்சை பலிக்கவில்லையோ என்னும் ஐயம் எழுகிறது, அல்லது பயந்த சுபாவம் என்று முடிவு கட்டப்படுகிறது. இல்லையென்றாலோ, முந்தின இரவு பாயில் எழுந்து உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த அனுபவம் பொய்யாகிவிடுகிறது. இந்த இக்கட்டு அந்த ஒரு சொல்லின் போதாமையால் விளைவதென்பதும், அதனினும் நுட்பமான சொற்கள் காஞ்சிபுரத்தின் தெருக்களிலும் தமிழகமெங்கும் நாள்தோறும் வழங்குகின்றன என்பதும், அவை நவீன மருத்துவம் வரைந்துள்ள எல்லைக்கோட்டோடு பெரும்பாலும் ஒத்துச் செல்கின்றன என்பதும் இக்கட்டுரையின் துணிபு. நெசவாளர் குடும்பத்திற் பிறந்து, காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறியோசை கேட்டு வளர்ந்து, இச்சிகிச்சையையும் பெற்றவன் என்ற முறையில், இவ்விஷயத்தைத் தொலைவில் நின்று எழுத என்னால் இயலவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தொடையிடுக்கின் சிரை வழியே கதீட்டர் என்னும் மெல்லிய குழாய்களை இருதயத்துள் செலுத்தி, தாறுமாறான மின்னோட்டம் பிறக்கின்ற அல்லது சுழல்கின்ற தசைப்பகுதியை வெப்பத்தாலோ குளிராலோ, அண்மைக் காலத்தில் நொடியினும் மிகச் சிறு பொழுது பாயும் மின்துடிப்புகளாலோ, செயலறச் செய்வதே அப்லேஷன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் மேலறை நடுக்கத்திற்கு இம்முறை பரவலாக வழிகோலியது, பிரான்ஸ் தேசத்துப் பொர்தோ நகரில் மிஷேல் ஹெய்சகேரும் அவர்தம் குழுவினரும் 45 நோயாளிகளை ஆராய்ந்து 1998இல் வெளியிட்ட முடிவு: நுரையீரலிலிருந்து இருதயத்திற்கு இரத்தம் கொணரும் சிரைகளின் வாயருகே பிறக்கும் தனித் துடிப்புகளே பெரும்பாலும் அந்நடுக்கத்தைத் தூண்டிவிடுகின்றன என்பது. எனவே அச்சிரைகளின் வாயைச் சுற்றித் தழும்பினால் வேலியிட்டு, உள்ளே பிறக்கும் துடிப்பு வெளியே வாராமல் தடுக்கிறார்கள்.

தழும்போ ஒரு நாளில் முதிர்வதில்லை. சுட்ட இடம் வீங்கி, அழற்சியுற்று, பின்னர் மெல்ல இறுகும் வாரங்களில், புதிய துடிப்புகள் அங்கேயே தோன்றக்கூடும். இருதயத்தின் வேகத்தைத் தணிக்கும் நரம்பு முடிச்சுகளும் சற்றுக் கருகுவதால், ஓய்ந்திருக்கும்போதும் நாடி முன்னைவிட விரைந்து நடப்பது பல மாதங்கள் நீடிப்பதுண்டு. இக்காரணம் பற்றியே, சிகிச்சைக்குப் பின் முதல் மூன்று மாதங்களில் நேரும் தாளக்கேட்டைத் தோல்வியாக எண்ணலாகாதென்று மருத்துவ சங்கங்கள் நெடுங்காலம் விதித்திருந்தன. 2024இல் வெளியான சர்வதேச நிபுணர் அறிக்கை அக்காலத்தை எட்டு வாரமாகக் குறைத்தது. அக்காலம் கடந்த பின்னரும், கருவியில் 30 விநாடியேனும் தொடர்ந்து பதிவான தாளக்கேடே மீண்டும் நோய் வந்ததாகக் கணக்கிடப்படும். ஒற்றைத் துடிப்புகள் அக்கணக்கிற் சேரா. ஒன்றுக்கும் தொடருக்கும் இடையே இவ்வாறு ஒரு கோடு கிழிக்கப்பட்டிருப்பதை வாசகர் நினைவிற் கொள்க.

இனித் தமிழுக்கு வருவோம். 'நெஞ்சு திக்கென்றது', 'பக்கென்று இருந்தது' என்று நம் வீடுகளில் சொல்கிறோம். 'படபடவென்று அடித்துக்கொள்கிறது' என்றும் சொல்கிறோம். இவை ஒன்றற்கொன்று பதிலாக வழங்குவன என்று மேலோடு பார்ப்பவர் எண்ணலாம். இலக்கணமோ அவற்றை வேறாகவே வைத்திருக்கிறது. 'படபட' இரட்டைக்கிளவி, தொல்காப்பியர் விதித்தபடி அது இரட்டையாகவே நின்று ஒலிக்குமேயன்றிப் பிரிந்து ஒலிக்காது, 'பட' எனத் தனித்தால் அப்பொருள் போய்விடும். 'திக்' என்பதோ தனித்தே பொருள் தரும். 'திக்குத் திக்கென்று' இரட்டித்தாலும் அது அடுக்கேயாதலின், பிரித்தாலும் பொருள் குன்றாது. ஓரடி, பின் ஓர் இடைவெளி, மறுபடியும் ஓரடி என்பது அதன் இயல்பு. இடைவெளியே இல்லாத ஓட்டம் 'படபட' என்பதன் இயல்பு. பள்ளிச் சிறுவர்க்கு நாம் பயிற்றும் அடுக்குத்தொடர், இரட்டைக்கிளவி என்னும் வேறுபாடு, இருதய மருத்துவர் தம் பதிவேட்டில் தனித் துடிப்பையும் தொடர்ந்த தாளக்கேட்டையும் வேறுபடுத்தும் வேறுபாட்டிற்கு இத்துணை அணுக்கமாக நிற்பதை நான் முதலில் கண்டபோது, நெடுநாள் தேடிய ஒன்றைக் கண்டெடுத்த மகிழ்ச்சியே எனக்கு உண்டாயிற்று.

'திக்' என்னும் சொல்லின் பொருத்தத்தை இன்னும் சற்று ஊன்றிப் பார்க்கலாம். உரிய காலத்திற்கு முன்னே தோன்றும் துடிப்பு, கீழறை இரத்தத்தால் நிரம்புமுன் அதனைச் சுருங்கச் செய்வதால், மணிக்கட்டுவரை எட்டாமலே போகலாம். அதன்பின் வழக்கத்தினும் நீண்ட ஓர் இடைவெளி. அவ்விடைவெளியில் அறை மிகுதியாக நிரம்பிக் கொள்ள, அடுத்த துடிப்பு ஓங்கி விழுகிறது. 'நின்றேவிட்டது' என்று நோயாளி அஞ்சுவது அந்த இடைவெளியை. 'திக்' என்று அவர் உணர்வது அநேகமாக அந்த ஓங்கிய துடிப்பை, அதாவது இருதயம் தன் ஒழுங்கிற்கு மீண்ட கணத்தை. இதனை எனக்கு எவரேனும் ஐந்தாம் வாரத்தில் சொல்லியிருந்தால், பல இரவுகளின் உறக்கம் எனக்கு மிஞ்சியிருக்கும். அவ்வாரம் நான் சென்ற ஓரிடத்தில் எனக்குக் கிடைத்தது 'பயம்தான், வேறொன்றுமில்லை' என்னும் விடை. பயம் இருந்தது உண்மை. ஆனால் பயத்தினால் துடிப்பு பிறழவில்லை. பிறழ்ந்த துடிப்பினாலேயே பயம் பிறந்தது.

காரணத்தையும் காரியத்தையும் இவ்வாறு மாற்றிக் கொள்வதற்கு நம் மொழியிலேயே ஒரு வேர் உண்டு. நெஞ்சு என்பது நமக்கு மார்பு, இருதயம், மனம் என மூன்றும் ஆகும். காஞ்சிக்கும் இதற்கும் ஒரு பழந்தொடர்பு இருக்கிறது. காடவர் கோமான் காஞ்சியில் கற்றளி எழுப்பிக் குடமுழுக்கிற்கு நாள் குறித்தபோது, அதே நாளில் திருநின்றவூர்ச் சிவனடியார் பூசலார் தம் மனத்துள் கட்டி முடித்த கோயிலுக்குள் தான் புகவிருப்பதால் மன்னனின் விழாவை ஒத்திவைக்குமாறு இறைவன் கனவிற் பணித்த வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. அக்காடவனை இராஜசிம்ம பல்லவனென்றும், அக்கற்றளியை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்ததாகிய கைலாசநாதர் கோயிலென்றும் ஆராய்ச்சியாளர் பலர் கொள்வர். திருநின்றவூர்க் கோயிலில் இறைவன் பெயர் இருதயாலீசுவரர்; இன்று அங்கே இருதய நோயாளர் வந்து வேண்டிக் கொள்கிறார்கள். மனம் என்னும் நெஞ்சிற் கட்டிய கோயில், தசை என்னும் நெஞ்சிற்குப் புகலிடமாகியிருக்கிறது. பக்தியில் இந்தக் கலப்பு அழகியது. மருத்துவரின் மேசையருகே அது அபாயமாகலாம். ஏனெனில் 'படபடப்பு' என்னும் ஒரே சொல்லால் அச்சத்தையும் தாளக்கேட்டையும் குறிக்கின்ற நாம், ஒன்றைச் சொல்லி மற்றொன்றாக விளங்கிக் கொள்ளப்படுகிறோம்.

இத்துணிபிற்கு எதிராக வலிய தடைகள் உண்டு. பொர்தோ ஆராய்ச்சியின்படி பெருநடுக்கத்திற்கு வித்தே தனித் துடிப்பு எனின், 'திக்'கைச் சிறிதென்று தள்ளலாமா என்பது ஒன்று. வேலியிட்ட பின்னர் எஞ்சும் துடிப்புகள் யாவும் அவ்வித்தாகிவிடா. அவற்றை அடக்குவதே நலம் என்னும் நம்பிக்கையும் ஒருமுறை பேரிழப்பில் முடிந்தது. மாரடைப்புக்குப் பின் கீழறையில் எழும் தனித் துடிப்புகளை மருந்தால் ஒடுக்கிய காஸ்ட் என்னும் அமெரிக்கப் பரிசோதனையில், துடிப்புகள் ஒடுங்கின, இறப்புகள் பெருகின. 1989இல் அம்மருந்துகளுள் இரண்டு நிறுத்தப்பட்டன. அந்நோயாளர் வேறு, அப்லேஷன் பெற்றோர் வேறு என்பதை மறந்துவிடாமல், துடிப்பை எண்ணிக்கையால் மட்டும் பகையாக்குதல் தகாதென்ற அளவிற்கு அப்பாடத்தை நாம் கொள்ளலாம்.

மற்றொரு தடை இதனினும் கனமானது, அதனை நான் முழுமையாக ஏற்கிறேன். மேலறை நடுக்கம் பலருக்கு எவ்வுணர்ச்சியும் தராமலே வந்து போகும். ஆகையால் 'நெஞ்சு அமைதியாய் இருக்கிறது' என்பதைச் சாக்கிட்டு இரத்தம் உறையாமைக்கான மாத்திரையை ஒருவர் தாமாக நிறுத்துவது பக்கவாதத்தை அழைப்பதாகும். அதனை எவ்வளவு காலம் உட்கொள்வதென்பது வயது, இரத்த அழுத்தம், நீரிழிவு, முன் நேர்ந்த பக்கவாதம் ஆகியவற்றைக் கொண்டு நிர்ணயிக்கப்படுவது. வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்கள் நம் நாட்டில் இன்றும் மிகுதி; அவர்களுக்கோ தாளம் எப்படியிருப்பினும் அம்மாத்திரை வேண்டும். சிகிச்சைக்குப் பின் சில வாரங்களில் காய்ச்சலோ, விழுங்கும்போது வலியோ, பேச்சுக் குழறலோ, கைகால் தளர்ச்சியோ காணுமாயின், அவை அரிதே எனினும் உயிர்க்கு இறுதி விளைக்கக்கூடிய உணவுக்குழாய்ப் புண்ணின் அடையாளங்களாகலாம். அவற்றைப் படபடப்பென்னும் பொதுச்சொல்லில் கரைத்துவிடாமல், சிகிச்சை செய்த இடத்திற்கே உடனே விரைய வேண்டும்.

ஆகவே சொல் கருவிக்கு மாற்றாகாது, இ.சி.ஜி.யும், உடலில் அணிந்து நாள் முழுதும் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியும் எப்போது தேவையென்று காட்டுவதே அதன் பணி. காஞ்சியைச் சேர்ந்தவரென மரபு கூறும் குறளுரைகாரர் பரிமேலழகர், நோயாளியின் சொல்லுக்குள்ள இடத்தை அன்றே அறிந்திருந்தார். குறளின் 95ஆம் அதிகாரம் மருத்துவத்தை நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து பேணுவோன் என நான்காக்கி, நோயாளியையே முதலில் வைக்கிறது. அந்நோயாளிக்கு வேண்டிய நான்கு தகுதிகளை எண்ணுமிடத்து, நோயின் நிலையை மருத்துவனுக்கு உணர்த்துதலையும் ஒரு தகுதியாக அவ்வுரையாசிரியர் சேர்த்திருக்கிறார். உணர்த்துவதற்குத் தக்க சொல்லை நோயாளியிடமிருந்து பறித்துவிட்டு, அத்தகுதியை அவரிடம் எதிர்பார்ப்பது முறையாகாது.

தறியோசையைச் சீரான இருதயத் துடிப்பிற்கு உவமை கூறுவோர் பலர். காஞ்சிக் குழித்தறியில் கோர்வைச் சேலை நெய்வதைப் பார்த்தவர் அவ்வாறு கூறத் துணியார். உடலுக்குரிய நாடா ஓடி நிற்க, கரைக்குரிய நாடாவோடு ஊடை கோத்துக்கொள்ள, அருகிருக்கும் துணையாளின் கைக்காகத் தறி காத்திருக்க, பிறகே ஊடையை இறுக்கும் பண்ணை வந்து அடிக்கிறது. மாறாத இடைவெளியில் அடிப்பது விசைத்தறி. நலமுள்ள இருதயமும் விசைத்தறியன்று: மூச்சை உள்ளிழுக்கும்போது சற்று விரைந்தும், வெளிவிடும்போது சற்றுத் தயங்கியும் நடப்பதே அதன் இயல்பு. நாடி 'நடக்கிறது' என்று சொல்லி, வாதத்திற்கு அன்னத்தையும் மயிலையும், பித்தத்திற்கு ஆமையையும் அட்டையையும், ஐயம் எனப்படும் கபத்திற்குத் தவளையையும் பாம்பையும் நடையாகக் காட்டிய சித்த வைத்திய நூலார், எண்ணிக்கையினும் நடையைப் பொருட்படுத்தினர். அதனை இ.சி.ஜி.க்கு நிகரென்று பெருமை பேச நான் முன்வரவில்லை. எனினும் நடையை விவரிக்கும் பழக்கம் நம்மிடம் இருந்தது, அது மீளத் தக்கது.

என் அனுபவத்தில் அப்பழக்கம் மீண்ட விதம் மிக எளியது. பாவு எடுத்த நாளையும் கூலி வந்த நாளையும் குறிக்கும் எங்கள் வீட்டு நாட்காட்டியில், ஆறாம் வாரம் முதல் என் மனைவி என் நெஞ்சின் கணக்கையும் எழுதலானாள். தனியாக வந்ததற்குத் 'தி'. தொடர்ந்து ஓடியதற்குப் 'ப', அதனருகே எத்தனை நிமிடம் என்பது. அந்நேரம் என் மணிக்கட்டைத் தொட்டு அவள் எண்ணிய எண். எட்டு வாரம் முடிந்து அந்தத் தாள்களை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். 'தி' பல இருந்தன. 'ப' மூன்றே இருந்தன, மூன்றும் ஏழாம் வாரத்திற்கு முந்தியவை. அவர் படபடப்பு இருக்கிறதா என்று கேட்கவில்லை. தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டி, 'ப' எழுதியிருந்த ஓரிடத்தில் விரலை வைத்து, "அன்றைக்கு இது எப்படித் தொடங்கியது, சொல்லுங்கள்" என்றார்.