சுவரும் செடியும் நிழலும்: பெங்களூரிலிருந்து ஓர் ஆவணக் குறிப்பு

பெங்களூர்க் கோட்டையின் எஞ்சிய மதிலை நான் எடுத்த படங்களைப் பார்த்த ஆய்வு நண்பர் ஒருவர், "செடிகளை அகற்றிவிட்டு எடுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எனினும் அதற்கான விடை, இந்நகரத்தின் புகைப்பட வரலாற்றோடு பிணைந்திருப்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தென்னிந்தியப் பழஞ்சுவர்களை முறையாகப் படமெடுத்தவர்களுள் முன்னோடி, சென்னை இராணுவத்தைச் சேர்ந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப். 1854ஆம் ஆண்டின் இறுதியில் ஹளேபீடு, பேலூர் கோயில்களைப் படமெடுத்த அவர், 1855இல் சென்னையில் நடைபெற்ற பொருட்காட்சியில் அப்படங்களை வைத்தார். பின்னர் சென்னை மாகாண அரசின் புகைப்படக் கலைஞராக அமர்த்தப்பட்டபோதும் அவரது பணிக்கூடம் பெங்களூரிலேயே அமைந்தது. 1857 டிசம்பரில் இங்கிருந்துதான் அவர் தமிழகப் பயணத்தைத் தொடங்கினார். மதுரை, திருவரங்கம், திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, இராயக்கோட்டை ஆகிய ஊர்களின் மிகப் பழைய புகைப்படங்களுள் பல அப்பயணத்தில் பிறந்தவை. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன், செலவைக் காரணம் காட்டி இப்பணியை நிறுத்தினார்.

டிரைப் பெரும்பாலும் பயன்படுத்தியது காகித நெகட்டிவ். அன்றைய வெள்ளி அயோடைடு பூச்சு நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே நன்கு உணரும். பச்சை நிறம் அதில் ஏறக்குறைய பதியாது. ஆகவே வானம் வெறுமையாக வெளுத்துப்போகும்; இலைகளோ கரிய திட்டுகளாகும். இக்குறையைச் சரிசெய்ய அவர் நெகட்டிவின் மீதே வண்ணம் தீட்டினார். சில படங்களில் மேகங்களும் இலைத்தொகுதிகளும் அவர் தூரிகையால் வந்தவை. எனவே அவருடைய படத்தில் ஒரு மதிலின் மேல் தழை தெரிந்தால், "1858இல் அங்கே செடி இருந்தது" என உடனே எழுதிவிட இயலாது. நெகட்டிவையும் படியையும் ஒப்பிட்ட பின்னரே அதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

அதே டிரைப், தஞ்சைப் பெரிய கோயிலில் வேறொன்றையும் செய்தார். விமானத்தின் அதிட்டானத்தில் ஓடும் கல்வெட்டு வரிகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படிகளை ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' இரண்டாம் தொகுதியில் பதிப்பிக்கத் தொடங்கியது 1891இல். அதற்கு முப்பதாண்டுகளுக்கு மேல் முன்னரே சுவரை ஒரு பனுவலாகக் கண்டு, அதனை முழுமையாகப் பதிவுசெய்ய முயன்ற கண் அது.

இனிப் பெங்களூர்க் கோட்டைக்கு வருவோம். 1537இல் கெம்பேகவுடர் எழுப்பிய ஊருக்கு மண்கோட்டை. அதன் தெற்கே அமைந்த கோட்டையை 1761இல் ஹைதர் அலி கல்லால் வலுப்படுத்தினார். 1791 மார்ச் 7 அன்று காரன்வாலிஸ் படை பேட்டையைக் கைப்பற்றியது. 21ஆம் நாள் இரவு கோட்டை வீழ்ந்தது. பேட்டையின் அரண் மதிலும் அகழியும் மட்டுமன்று. அவ்விரண்டுக்கும் இடையே நெருக்கமாக வளர்க்கப்பட்ட முட்செடி வேலியும் அதன் உறுப்பாக இருந்தது. சங்க இலக்கியம் அறிந்தோர்க்குக் காவற்காடு நினைவுக்கு வரும். செடி இங்கே சுவரின் பகையாக இல்லை. சுவரின் ஒரு பகுதியாகவே இருந்தது. அவ்வேலி எச்சமின்றி மறைந்துவிட்டது. ராபர்ட் ஹோம் போன்ற ஓவியர்கள் படையுடன் வந்து வரைந்த காட்சிகள் உள்ளன. ஆனால் அவ்வேலி எந்தெந்தச் செடிகளால் ஆனது என அறியத் துணைசெய்யும் புகைப்படம் இல்லை. புகைப்படக்கலை பிறப்பதற்கே இன்னும் அரை நூற்றாண்டு இருந்தது.

இன்று எஞ்சியிருப்பது தில்லி வாயிலும் அதனையொட்டிய சிறு பகுதியும். கல்லிடுக்கில் அரசங்கன்று வேரூன்றினால், பறவை இட்ட விதை தங்குமளவிற்கு அங்கே சுண்ணச்சாந்து உதிர்ந்துவிட்டது என்று பொருள். தண்டின் பருமன், அம்மதில் குறைந்தது எத்தனை ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது என்பதைக் காட்டும். பாசி படரும் இடம் நீர் கசியும் வழியைச் சொல்லும். வேர் தடித்தால் கல்லைப் பெயர்த்துவிடும் என்பதும் உண்மை. செடிகளை அகற்றத்தான் வேண்டும். அகற்றுவதற்கு முன் அவற்றைப் படிக்க வேண்டும் என்பதே என் வாதம்.

நிழலும் அவ்வாறே. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன; பி. எல். ரைஸ் 1905இல் வெளியிட்ட பெங்களூர் மாவட்டத் தொகுதியில் அவை இடம்பெற்றன. தேய்ந்த எழுத்தின் மீது ஒளி நேராக விழுந்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்து விழும் ஒளியில், வெட்டின் ஒரு விளிம்பு நிழலாகி எழுத்து எழுந்து நிற்கும். மிதிக் சொசைட்டி இந்நகரக் கல்வெட்டுகளை முப்பரிமாணமாகப் பதிவுசெய்து வரும் பணியிலும், ஒளியைத் திசைமாற்றிப் படிக்கும் இத்தத்துவம் கணினித்திரையில் தொடர்கிறது. நிழல் காலத்தையும் குறிக்கும். பெங்களூர் ஏறத்தாழ 13 பாகை வட அட்சத்தில் இருப்பதால், ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. நாளிடப்படாத படத்தில் நண்பகல் நிழல் தெற்கே விழுந்திருப்பின், அது எடுக்கப்பட்ட பருவம் தெரிந்துவிடும்.

இதனை நான் கற்றது ஒரு பிழையால். சில ஆண்டுகளுக்கு முன், பழைய குடியிருப்பு ஒன்றின் சுற்றுமதிலைப் படமெடுக்கச் சென்றேன். கட்டுமானம் தெளிவாகத் தெரியட்டும் என்று செடிகளைப் பிடுங்கி, பாசியைத் தேய்த்து, நிழலற்ற மேகமூட்டமான பொழுதாகப் பார்த்து எடுத்தேன். மறு ஆண்டு சாலை விரிவாக்கத்தில் அம்மதில் இடிந்தது. அதன் ஒரு பகுதி பிற்காலத்தில் திருத்திக் கட்டப்பட்டதா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. எந்த இணைப்பில் சுண்ணம், எந்த இணைப்பில் சிமெண்ட் என்பதைச் செடிகளின் பரவலும், முன்னும் பின்னுமாக நின்ற கற்களின் நிழலும் ஒருவேளை காட்டியிருக்கும். இரண்டையும் நானே அழித்திருந்தேன். டிரைப் தூரிகையால் செய்ததை நான் கையால் செய்தேன். அவர் திருத்தியது படத்தை. நான் திருத்தியது சான்றையே.

களப்பணிக்குச் செல்லும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதற்படம் எதையும் தொடாமல் எடுத்ததாக இருக்கட்டும். ஒரே சுவரைக் காலையிலும் மாலையிலும் எடுங்கள். நாள், நேரம், சுவர் நோக்கும் திசை ஆகியவற்றைக் குறியுங்கள். அளவுகோல் ஒன்றை உடன் வையுங்கள். செடியின் பெயர் தெரியாவிடினும், இலையும் பூவும் தெரியும் அண்மைப்படம் ஒன்று எடுத்து வையுங்கள்; தாவரவியல் நண்பர் பெயர் சொல்வார். சுத்தம் செய்வது அதன் பிறகு ஆகட்டும். இந்நகரில் சுவர்கள் நமக்காகக் காத்திருப்பதில்லை.